வார்ப்புக் கலையும் நெருப்பின் சிக்கனமும்

ஆலய மணியின் நாதத்தில் மெய்ம்மறந்து நிற்கும் நாம், அம்மணி உலையில் உருகி அச்சில் வார்க்கப்பட்டது என்பதை எண்ணிப் பார்ப்பதில்லை. உலோகத்தை வார்க்கும் தொழில் மிகத் தொன்மையானது. எனினும், குறைந்த எரிபொருளில் நிறைந்த பயன் பெறும் வழியைக் காண மனிதகுலம் நெடுங்காலம் முயல வேண்டியிருந்தது. இரும்பு வார்ப்பின் வரலாறு இதற்குத் தக்க சான்றாகும்.

இங்கிலாந்தில் ஆபிரகாம் டார்பி என்பார், மணல் அச்சில் இரும்புப் பானை வார்க்கும் முறைக்கு 1707ஆம் ஆண்டு காப்புரிமை பெற்றார். கனம் குறைந்து விலையும் மலிந்த அப்பானைகள் எளிய மக்களின் அடுக்களைக்கும் சென்றன. அதுவரை இரும்பை உருக்க மரக்கரியே பயன்பட்டு வந்தது. அதற்கு மாற்றாக, நிலக்கரியிலிருந்து பெறும் கற்கரியை 1709இல் கோல்புரூக்டேல் என்னும் ஊரில் அவர் வெற்றியுடன் பயன்படுத்தினார்.

அடுத்த திருப்பம் ஸ்காட்லாந்தில் நிகழ்ந்தது. குளிர்காலத்தில் உலை நன்கு இயங்கக் கண்ட தொழிலாளர், குளிர்ந்த காற்றே உலைக்கு உகந்தது என நம்பியிருந்தனர். கிளாஸ்கோ எரிவாயு ஆலையின் மேலாளராக இருந்த ஜேம்ஸ் நீல்சன் இதனை மறுத்தார். காற்றைச் சூடாக்கி உலைக்குள் செலுத்தும் முறைக்கு 1828இல் காப்புரிமை பெற்றார். கிளைடு இரும்பாலையில் ஒரு டன் இரும்புக்கு ஏறத்தாழ 8 டன் நிலக்கரி செலவான நிலை மாறி, 1833இல் இரண்டேகால் டன் அளவே போதுமானதாயிற்று.

எனினும், சிறு வார்ப்படச் சாலைகளில் உள்ள குப்போலா உலைகளில் வெப்பம் வீணாவது தொடர்ந்தது. கற்கரி எரிந்து எழும் கரியமில வாயு, மேலுள்ள சூடான கரியோடு சேர்ந்து கார்பன் மோனாக்சைடாக மாறுகிறது. எரியக்கூடிய அவ்வாயு பயனின்றிப் புகைபோக்கி வழியே வெளியேறுகிறது. கீழ்வரிசைக் காற்றுத் துளைகளுக்கு ஏறக்குறைய ஒரு மீட்டர் மேலே இரண்டாம் வரிசை அமைத்தால், அவ்வாயுவும் உலைக்குள்ளேயே எரிந்து வெப்பம் தரும். 1970களில் பிரிட்டனில் செம்மைப்படுத்தப்பட்ட முறை இது.

இந்தியாவில் இத்தொழிலின் வாழ்வே கேள்விக்குறியான காலமும் வந்தது. தாஜ்மகாலைப் புகையினின்று காக்கும் பொருட்டு, ஆக்ரா வட்டாரத்தில் கரி எரித்த 292 ஆலைகள் இயற்கை எரிவாயுவுக்கு மாறவேண்டும் அல்லது வேறிடம் பெயரவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பர் 30ஆம் நாள் தீர்ப்பளித்தது. வார்ப்படச் சாலைகளும் அவற்றுள் அடங்கும். பளிங்கு மாளிகையையும் காக்க வேண்டும். உலையை நம்பி வாழும் தொழிலாளியின் அடுப்பும் அணையலாகாது. இரண்டுக்கும் இடமளிக்கும் வழி என்ன?

மேற்கு வங்கத்தின் ஹவுரா நகரில் 1998இல் ஒரு விடை கிடைத்தது. டாட்டா எரிசக்தி ஆய்வுக் கழகம், சுவிட்சர்லாந்து அரசின் உதவியுடன், இரு வரிசைக் காற்றுத் துளைகள் கொண்ட உலையைப் புகை வடிக்கும் கருவியோடு அங்கு நிறுவிக் காட்டியது. கற்கரிச் செலவு மூன்றில் ஒரு பங்குக்குமேல் குறைந்தது. புகையின் மாசும் தணிந்தது.

வீணாய்ப் போவதைப் பயனாக்கும் அறிவே இவ்வரலாற்றின் சாரம். அவ்வறிவு பெரிய ஆலைகளோடு நின்றுவிடாமல் சிறு பட்டறையையும் சென்றடையும்போதே, தொழிலும் தொழிலாளியும் ஒருங்கே வாழ இயலும்.