அரிசிப் பானைக்குள் இருந்த சொத்து

2016 நவம்பர் 8 இரவு, 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று தொலைக்காட்சியில் அறிவித்தபோது நான் நீடாமங்கலம் வீட்டில் இருந்தேன். "நமக்கென்ன, மடியில கனமில்ல" என்று சொல்லிவிட்டு அப்பா படுக்கப் போனார். அம்மா ஒன்றும் பேசவில்லை. மறுநாள் அப்பா வெளியே கிளம்பியதும் அரிசிப் பானைக்குள் முழங்கைவரை கையை விட்டு ஒரு பால் பவுடர் டப்பாவை எடுத்தார். உள்ளே ஒன்பது ஐந்நூறு ரூபாய்த் தாள்கள்.

"இது எதுக்கும்மா?"

"நாகூருக்கு. நானும் எதிர்வீட்டு அக்காவும் பூக்காரம்மாவும் போயிட்டு, அப்படியே வேளாங்கண்ணியில ஒரு ராத்திரி தங்கி வரணும். யாருக்கும் சமைக்காம ஒரு நாள்."

எங்கள் ஊர் ஸ்டேஷனில் ஏறினால் நாகூருக்கு நேர் ரயில். அந்தப் பயணம் ஏன் பல வருடங்களாகத் தள்ளிப்போனது என்றும் அன்றுதான் தெரிந்தது. டப்பா நிறையும்போதெல்லாம் ஏதோ ஒன்று வந்திருக்கிறது. தம்பியின் கல்லூரிக் கட்டணம், பாட்டியின் கண் அறுவை. என் முனைவர் பட்ட ஆய்வேட்டைத் தட்டச்சு செய்து பைண்டு போட்ட பணமும் அதிலிருந்து போனதுதான். சங்க இலக்கியத்தில் பெண்கள் பற்றி முந்நூறு பக்கம் எழுதியவளுக்கு, அந்தப் பக்கங்களுக்கு யார் பணம் கொடுத்தார்கள் என்று தெரிந்திருக்கவில்லை.

சிறுவாடு என்ற சொல்லை அகராதிகள் பெண்களின் சிறு சேமிப்பு என்று முடித்துவிடுகின்றன. அதற்குள் ஒளித்தல் என்ற பொருளும் இருக்கிறது. வெளிப்படையாகச் சேர்த்தால் அது குடும்பச் சேமிப்பு. ஒளித்துச் சேர்ப்பதே சிறுவாடு.

காவிரிப் படுகையில் இந்தச் சேமிப்பு பணமாகத் தொடங்கவில்லை, நெல்லாகத் தொடங்கியது. 12 மரக்கால் ஒரு கலம் என்று அளந்து பத்தாயத்தில் கொட்டுவது ஆண்களின் கணக்கு. பத்தாயத்துக்கு வெளியே சிந்தியதெல்லாம் பெண்களின் கணக்கு. நெல் அவித்துக் குத்தும்போது கிடைக்கும் நொய், தவிடு, கோழி முட்டை, மோர், வரட்டி, ஓய்ந்த நேரத்தில் முடைந்த கீற்று. இவற்றை விற்ற காசு முந்தானை முடிச்சில் போகும். பிறகு உலைக்கு அரிசி களையும்போது ஒரு பிடி திரும்பப் பானைக்கே போகும். பிடி அரிசியை மடங்களும் அநாதை இல்லங்களும் வீடு வீடாகக் கேட்டு வாங்கியிருக்கின்றன. ஊருக்காக எடுத்தால் அந்தப் பிடிக்குத் தருமம் என்று பெயர். அவளே தனக்காக எடுத்தால் "வீட்டையே சுரண்டுறா" என்பார்கள். பிடி ஒன்றுதான்.

அப்பா அரிசி ஆலையில் கணக்கு எழுதியவர், சொற்பச் சம்பளம். கெட்டவர் இல்லை. காலையில் கடைக் காபி, மாலையில் வெற்றிலைச் சீவல், ஒரு பத்திரிகை என்று அவருக்கென்று சில இருந்தன. அதை யாரும் ஆடம்பரம் என்றதில்லை, நானும் சொல்லமாட்டேன். ஆனால் வீட்டில் சிக்கனம் என்று பேச்சு வந்தால் முதலில் குறைந்தது அம்மாவின் தட்டுத்தான். "உங்கம்மா சிக்கனக்காரி" என்று உறவினர்கள் புகழ்ந்தபோது நானும் பெருமைப்பட்டிருக்கிறேன்.

சட்டத்தைப் பார்த்தால் இந்த டப்பாவின் அருமை புரியும். 1929 செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு பெண்களுக்குச் சமமான சொத்துரிமை வேண்டும் என்று தீர்மானம் போட்டது. 1937-ல் இந்துப் பெண்கள் சொத்துரிமைச் சட்டம் வந்தது. கைம்பெண்ணுக்குக் கணவனின் சொத்தில் ஆயுள்கால உரிமை கிடைத்தது. ஆனால் விவசாய நிலத்துக்கு அது செல்லாது என்று 1941-ல் ஃபெடரல் நீதிமன்றம் சொல்லிவிட்டது. நஞ்சையே சொத்தாக இருக்கும் தஞ்சைச் சீமையில் அதற்கு என்ன மிச்சம்? சென்னை மாகாணம் 1947-ல்தான் தனிச் சட்டம் போட்டு அதை நிலத்துக்கும் நீட்டியது. பெண் தன் சொத்துக்கு முழு உரிமையாளர் ஆனது 1956-ல். கூட்டுக் குடும்பச் சொத்தில் மகனுக்கு இணையான பங்கு தமிழ்நாட்டு மகளுக்கு வந்தது 1989-ல், அதுவும் அதற்குமுன் மணமாகாதவளுக்கு மட்டும். அத்தனை காலமும் பல பெண்கள் தம் விருப்பப்படி செலவழிக்க முடிந்த ஒரே சொத்து, யார் பெயரும் எழுதாத ஒரு டப்பா.

ஒளித்து வைக்கவும் அரிசி வேண்டுமே. மேலத்தெருப் பெண்களின் சிறுவாட்டை மட்டும் எழுதிவிட்டு நகர்ந்தால் இந்த ஊரின் வரலாறு பொய்யாகிவிடும். நீடாமங்கலத்துக்கு யமுனாம்பாள்புரம் என்றும் ஒரு பெயர் உண்டு. மராட்டிய மன்னர் பிரதாபசிம்மரின் அரசி யமுனாம்பாள். அவர் பெயரில் இங்கே சத்திரம் இருக்கிறது. வழிப்போக்கர்களுக்குச் சோறு போட்ட ஊர். அதே ஊரில் 1937 டிசம்பரில் காங்கிரஸ் மாநாட்டுப் பந்தியில் மற்றவர்களோடு உட்கார்ந்து சாப்பிட்ட குற்றத்துக்காகத் தலித் தொழிலாளர்களை அடித்து, மொட்டையடித்து, சாணிப்பால் புகட்டினார்கள். 'விடுதலை' எழுதித்தான் அது வெளியே தெரிந்தது. அந்த ஒரு வேளைச் சோறு பசிக்காக மட்டும் உண்டதாக எனக்குத் தோன்றவில்லை. மாநாடு, கூட்டம், இலை போட்ட சாப்பாடு, அதில் ஒரு சந்தோஷம் இருந்திருக்கும். ஏழை உயிரோடு இருப்பதைப் பொறுத்துக்கொண்டவர்களால் அவர் சந்தோஷமாக இருப்பதைப் பொறுக்க முடியவில்லை.

நடவுக்கும் களைக்கும் போன பெண்களுக்குக் கூலி நெல்லாக வந்தது, ஆணுக்கு அளந்ததைவிடக் குறைவாக. 1952-ல் ராஜாஜி அரசு கொண்டுவந்த தஞ்சைப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகும் ஆண் கூலி, பெண் கூலி என்ற பேச்சு மாறவில்லை. கூலி உயர்வும் செங்கொடியும் கேட்டதற்கு 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் 44 பேர் எரிக்கப்பட்டார்கள், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். சம ஊதியச் சட்டம் வந்தது 1976-ல். ஆனாலும் தை அறுவடை முடிந்து கையில் நெல் இருந்த சில வாரங்களில், அந்த நெல்லில் கொஞ்சத்தைக் கடையில் போட்டு வளையலும் டூரிங் கொட்டகைத் தரை டிக்கெட்டும் வாங்கிய பெண்கள் இருந்தார்கள். எங்கள் தெருவுக்குப் பூ கொண்டுவரும் அம்மா தன் நடவுக் காலத்தைப் பற்றிச் சொல்லும்போது கூலியை ஒரு வரியில் முடிப்பார். பார்த்த படங்களை ஒரு மணி நேரம் சொல்வார்.

அந்த நவம்பருக்குத் திரும்புகிறேன். இரண்டரை லட்சம் ரூபாய் வரை வங்கியில் போடும் இல்லத்தரசிகளிடம் கேள்வி இருக்காது என்று அரசு சொன்னது. வருமான வரி அலுவலகம் கேட்காமல் இருக்கலாம், வீடு கேட்டது. அம்மாவுக்கு வங்கிக் கணக்கு இல்லாததால் தாள்கள் அப்பாவின் கணக்குக்குப் போயின. "எனக்குத் தெரியாம எப்படிச் சேர்த்த?" என்று ஒரு வாரம் சிரித்துக்கொண்டே கேட்டார். அந்தச் சிரிப்பில் அம்மா சிரிக்கவில்லை. நாலாயிரத்து ஐந்நூறும் கூரை ஒழுகலை அடைக்கப் போயிற்று.

நான் கௌரவ விரிவுரையாளர். மே மாதம் சம்பளம் கிடையாது. வாடகை, தவணை போக மிச்சத்தில்தான் புத்தகமும் சினிமாவும். ஏப்ரலில் புத்தகக் கடைப் பக்கம் போகமாட்டேன், ஆனால் மாதம் ஒரு நல்ல ஹோட்டல் சாப்பாட்டை விட்டதில்லை. அதை யாரிடமும் ஒளிக்காமல் சாப்பிடுகிறேன். அம்மாவுக்கும் எனக்கும் இடையில் மாறியது வருமானத்தைவிட இதுதான் என்று நினைக்கிறேன்.

2023 செப்டம்பரில் மகளிர் உரிமைத்தொகை தொடங்கியபோது அம்மாவுக்கும் ஒரு கணக்கு வந்தது, மாதம் 1000 ரூபாய். ஆனால் குறுஞ்செய்தி தம்பியின் செல்பேசிக்குத்தான் போகிறது. "அம்மா, காசு வந்துடுச்சு" என்று அவன் கூப்பிட்டுச் சொல்வான், அன்பாகத்தான். மறுநாளே அம்மா முழுதையும் எடுத்துவிடுவார். பால் பவுடர் டப்பா துருப்பிடித்துவிட்டதால் இப்போது பிஸ்கட் டப்பா. அரிசிப் பானையில் இல்லை. எங்கே என்று எனக்குத் தெரியும், எழுதப்போவதில்லை.

போன மாசியில் மூன்று பேரும் காலைப் பாசஞ்சரில் நாகூர் போனார்கள். அங்கிருந்து கட்டணமில்லாத டவுன் பஸ்களில் மாறி மாறி வேளாங்கண்ணி. இரவு தங்கி, மறுநாள் கடலில் நனைந்து, மீன் வறுவல் சாப்பிட்டு, சாயங்காலம் திரும்பினார்கள். புடவை ஓரத்தில் மணல் உதிர்ந்துகொண்டிருந்தது. மொத்தம் எவ்வளவு செலவாச்சு என்று கேட்டேன்.

"அது உனக்கெதுக்குடி" என்றார்.