பொருந்தாத தம்பதியர்: குடும்பக் குறட்டைக்கும் தாடை வளர்ச்சிக்குமான ஒரு சான்றின் மறுவாசிப்பு

தூக்கத்தில் மூச்சடைப்பு குடும்பங்களில் தொடர்ந்து வருகிறது என்பதில் இன்று யாருக்கும் ஐயமில்லை. ஐயம் அது வரும் வழியைப் பற்றியது. கடந்த முப்பது ஆண்டுகளில் ஓங்கியிருக்கும் ஓர் ஆய்வுப் போக்கு, அந்த வழி இரத்தமே என்று ஏறத்தாழ முடிவுகட்டிவிட்டது. குறுகிய தாடை பெற்றோரிடமிருந்து வருகிறது. குறுகிய தாடைக்குள் நாக்குக்கு இடம் போதவில்லை. மல்லாந்து படுத்தால் தொண்டை அடைகிறது. ஆகவே குறட்டையும் பெற்றோரிடமிருந்தே வருகிறது. இந்தச் சங்கிலியின் பின்பகுதியோடு எனக்குப் பிணக்கில்லை. முதல் கண்ணிக்கு முட்டுக் கொடுத்து நிற்கும் சான்றையே இங்கே மறுபடி வாசிக்கிறேன். ஆந்திரத்தின் பிச்சாட்டூரைச் சுற்றியுள்ள ஊர்களின் மணவுறவுகளை மனத்தில் வைத்துக்கொண்டு வாசித்தால் அது வேறு விதமாகப் பேசுகிறது.

சான்று, சூசன் ரெட்லைனும் அவரது குழுவினரும் 1995இல் வெளியிட்ட கிளீவ்லாந்து குடும்ப ஆய்வு. 91 குடும்பங்களைச் சேர்ந்த 561 பேரின் இரவு மூச்சை அவரவர் வீட்டிலேயே பதிவு செய்தார்கள். பாதிப்புள்ள உறவினர் ஒருவர் இருந்தால் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு, இருவர் இருந்தால் இரண்டரை மடங்கு, மூவர் இருந்தால் நான்கு மடங்கு என்று அபாயம் படிப்படியாக ஏறியது. வயதையும் பாலினத்தையும் உடல் பருமனையும் கழித்த பிறகும் இந்தப் படிக்கட்டு நின்றது. பெற்றோருக்கும் பிள்ளைக்கும் இடையிலும், உடன்பிறந்தாருக்கிடையிலும் மிதமான ஒற்றுமை தெரிந்தது. கணவன் மனைவிக்கிடையில் தெரியவில்லை.

பின்வந்தவர்கள் பெரிதும் பற்றிக்கொண்டது இந்தக் கடைசி முடிவைத்தான். தம்பதியர் ஒரே கூரையின்கீழ் வாழ்கிறார்கள், ஒரே அடுப்பில் சமைத்ததை உண்கிறார்கள், ஒரே காற்றைச் சுவாசிக்கிறார்கள்; ஆயினும் அவர்களின் மூச்சு ஒத்துப்போகவில்லை. எனவே வீடு காரணமன்று என்று வாதம் ஓடுகிறது. கேட்க அழகாக இருக்கிறது. முப்பது ஆண்டுகளாக அது பெரிய எதிர்ப்பின்றி மேற்கோள் காட்டப்படுவதற்கும் அந்த அழகே காரணமாக இருக்கலாம்.

அதன் குறை காலக்கணக்கில் இருக்கிறது. கணவனும் மனைவியும் ஒரு கூரையின்கீழ் வருவது வளர்ந்து முடிந்த பிறகு. அண்ணத்தின் அகலம், கீழ்த்தாடையின் நீளம், அது கீழ்நோக்கி வளர்ந்ததா முன்னோக்கி வளர்ந்ததா என்பவையெல்லாம் அதற்கு முன்பே முடிவாகிவிடுகின்றன. மூக்கின் பின்புறமுள்ள அடினாய்டு சதை பெரிதாக இருப்பது ஏறத்தாழ மூன்று முதல் ஏழு வயது வரை. விடலைப் பருவத்தில் அது சுருங்கிவிடும். ஒரு குழந்தை வாயைத் திறந்துகொண்டு தூங்கும் ஆண்டுகளும் முகத்தின் எலும்புகள் வேகமாக வளரும் ஆண்டுகளும் ஒன்றே. அந்த ஆண்டுகளைத் தம்பதியர் இருவரும் இருவேறு வீடுகளில் கழித்திருக்கிறார்கள். ஆகவே, வீடுதான் காரணம் என்று கருதுபவரும் கணவன் மனைவிக்கிடையில் ஒற்றுமை இராது என்றே கணிப்பார். இரண்டு கருதுகோள்களும் ஒரே விளைவைக் கணிக்கும்போது அந்த விளைவு எதற்கும் சான்றாகாது. கிளீவ்லாந்தின் எண்களில் நான் குறை காணவில்லை. அவற்றின் மேல் ஏற்றப்பட்ட முடிவுதான் தாங்கவில்லை.

இங்கே ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். குழந்தைப் பருவ வீடுதான் காரணமென்றால், ஒரே காலத்தில் ஒரே வீட்டில் வளர்ந்த உடன்பிறந்தாரிடையே ஒற்றுமை மிகுந்தும், தலைமுறை இடைவெளியுள்ள பெற்றோர்–பிள்ளையிடையே குறைந்தும் இருக்க வேண்டும். அப்படியொரு தெளிவான இடைவெளியைக் கிளீவ்லாந்து காட்டவில்லை. இது இரத்தத்தின் பக்கம் சாயும் குறிப்புதான். ஆனால் இரு ஒற்றுமைகளுமே மிதமானவை. வழக்கைத் தீர்க்கும் வலிமை அவற்றுக்கு இல்லை என்றே நினைக்கிறேன்.

தாடை இதில் இருக்கிறது என்பதை எடின்பரோவின் மாத்தூரும் டக்ளஸும் அதே 1995இல் காட்டினார்கள். பருமனற்ற நோயாளிகளின் நெருங்கிய உறவினரை ஆராய்ந்தபோது மேல்தாடையும் கீழ்த்தாடையும் பின்வாங்கியிருந்தன, மூச்சுப்பாதை ஒடுங்கியிருந்தது. கொழுப்பை ஒதுக்கிவைத்தாலும் முகம் எஞ்சி நிற்கிறது. ஆனால் பின்வாங்கிய தாடையை ஒரு குடும்பத்தில் பலரிடம் காண்பது வேறு, அது கருவிலேயே எழுதப்பட்டது என்பது வேறு. ஹார்வால்ட் என்ற ஆய்வாளர் குரங்குக் குட்டிகளின் மூக்கை அடைத்துப் பார்த்தார். வாயால் மூச்சுவிடப் பழகிய அக்குட்டிகளின் தாடைகளும் பல்வரிசையும் மாறின. 1981இல் வெளியான அந்த முடிவுகளில் கவனிக்க வேண்டியது, எல்லாக் குட்டிகளும் ஒரே மாதிரி மாறவில்லை என்பதுதான். சுவீடனின் லிண்டர்-அரோன்சன் எதிர்த்திசையிலிருந்து வந்தார்: அடினாய்டை அகற்றி மூக்கால் மூச்சுவிடத் தொடங்கிய குழந்தைகளின் கீழ்த்தாடை முன்னோக்கி வளரத் தலைப்பட்டது. மூக்கின் அடைப்பு தாடையை மாற்றும், அடைப்பு நீங்கினால் தாடை ஓரளவு மீளும் என்றால், குடும்பத்தில் காணும் தாடை ஒற்றுமையில் ஒரு பங்கு குடும்பத்தின் மூக்கடைப்பு ஒற்றுமையாக இருக்க இடமுண்டு.

இந்தியச் சான்று இல்லாமலில்லை. ராபர்ட் கொருச்சினியும் உடன் ஆய்ந்தோரும் 1983இல் சண்டிகரைச் சுற்றியுள்ள கிராம, நகர இளையோரின் பற்பொருத்தத்தை ஒப்பிட்டனர். நகரத்தாரிடம் கோணல் மிகுந்திருந்தது. 1986இல் அமெரிக்க இரட்டையரோடு வடமேற்கிந்திய இரட்டையரை ஒப்பிட்டுப் பரம்பரையின் பங்கை அளக்க முயன்றனர். பரம்பரையின் பங்கு எல்லா மக்களுக்கும் பொதுவான மாறிலி என்று இனியும் எழுதுவோர் அந்த ஒப்பீட்டைப் புறக்கணித்தே எழுத முடியும். எனினும், மெல்ல வேண்டிய உணவு தாடையை வளர்க்கிறது என்று கொருச்சினி தந்த விளக்கத்தை நம் பக்கத்துக்கு அப்படியே கொண்டுவரத் தயங்குகிறேன். ராயலசீமையின் பழைய கிராம உணவு கேழ்வரகுக் களி. அதை யாரும் மெல்லுவதில்லை, உருட்டிக் குழம்பில் தோய்த்து விழுங்குகிறார்கள். கரும்பும் வேர்க்கடலையும் சித்தூர்ப் பக்கம் விளைவதால் பற்களுக்கு வேலை இல்லாமல் போகவில்லை. ஆனாலும் கிராம உணவெல்லாம் கடினம் என்ற படம் இங்கே ஒட்டாது. இந்த வட்டாரத்தில் பல்லைவிட மூக்கின் பக்கமே, மூக்கை உறுத்தும் புகையின் பக்கமே, நான் சாய்கிறேன். சென்னை ஸ்ரீ ராமச்சந்திராவின் கல்பனா பாலகிருஷ்ணன் குழு தமிழ்நாட்டிலும் ஆந்திரத்திலும் கிராமத்து வீடுகளின் அடுப்புப் புகையை அளந்து, விறகு எரியும் வீட்டில் காற்று எவ்வளவு கெடுகிறது என்று காட்டியிருக்கிறது. எரிவாயு வந்த பின்னும் வெந்நீர் போடவும் நெல் அவிக்கவும் விறகு எரிகிறது.

பிச்சாட்டூர் இந்த வாதத்துக்குள் வருவது மணவுறவால். ஆரணியாற்று அணை உள்ள இவ்வூர் 2022 ஏப்ரல் வரை சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. இப்போது திருப்பதி மாவட்டத்தில். தமிழும் தெலுங்கும் கலந்த பகுதி. இரு மொழியாரிடமும் சொந்தத்தில் கட்டிக்கொள்வது வழக்கம்; தெலுங்கர் மேனரிகம் என்பார்கள். மாமன் மகள், அத்தை மகள் மட்டுமன்றி அக்கா மகளைத் தாய்மாமனே மணப்பதும் உண்டு. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் ராவும் இன்பராஜும் 1977இல் எழுதியபடி, வட ஆர்க்காட்டுக் கிராமங்களில் ஏறத்தாழப் பாதித் திருமணங்கள் சொந்தத்தில் நடந்தவை. சித்தூர் மாவட்டத்தின் பெரும்பகுதி 1911இல் அந்த வட ஆர்க்காட்டிலிருந்து பிரிந்ததுதான். பங்கு இப்போது குறைந்திருக்கிறது. ஆனாலும் ஆந்திரம், தமிழ்நாடு இரண்டிலும் நான்கில் ஒன்றுக்கு அருகிலோ சற்று மேலோதான் நிற்கிறது.

இப்படிப்பட்ட குடும்பத்தில் கிளீவ்லாந்தின் படிக்கட்டை எப்படி ஏறுவது? தாய்மாமனை மணந்த ஒரு பெண்ணை எடுத்துக்கொள்வோம். அவளது அம்மாவைப் பெற்ற பாட்டியே அவளுக்கு மாமியார். அவளது குழந்தைக்கு அந்த மூதாட்டி தந்தைவழிப் பாட்டி, தாய்வழிக் கொள்ளுப்பாட்டி. அவர் குறட்டை விட்டால் உறவினர் பட்டியலில் அவர் ஒருவரா, இருவரா? கணவன் குறட்டை விட்டால் அவர் இரத்தமற்ற துணையா, இரத்தமுள்ள மாமனா? ஒன்று, இரண்டு, மூன்று என்ற எண்ணிக்கை இங்கே பொருளிழக்கிறது. பெற்றோருக்கும் பிள்ளைக்கும் இடையே வழக்கமாகப் பாதியாக உள்ள மரபுப் பங்கு, தாய்மாமன் மணத்தில் எட்டில் ஐந்தாகவும், மாமன் மகள் மணத்தில் பதினாறில் ஒன்பதாகவும் ஏறுகிறது. இங்கே எடுக்கும் குடும்ப வரலாறு கிளீவ்லாந்தின் அளவுகோலில் வைத்தால் மிகையாகவே தெரியும்.

மறுபுறம், கிளீவ்லாந்தில் இயலாத ஒரு சோதனை இங்கே இயலும். அங்கே தம்பதியர் அயலார். இங்கே பலர் உறவினர். பெற்றோர்–பிள்ளை ஒற்றுமை 0.2 என்றும், அது முழுக்க இரத்தத்தால் வந்தது என்றும் வைத்துக்கொண்டால், மரபில் நான்கில் ஒரு பங்கைப் பகிரும் மாமன்–மருமகள் தம்பதியரிடம் 0.1 அளவும், எட்டில் ஒரு பங்கைப் பகிரும் தம்பதியரிடம் 0.05 அளவும் ஒற்றுமை தெரிய வேண்டும். வழக்கமான புள்ளியியல் நம்பிக்கையோடு 0.1ஐக் கண்டுகொள்ள ஏறத்தாழ 780 தம்பதியர் தேவை, 0.05க்கு மூவாயிரத்துக்கும் மேல். ஒரு மண்டலத்தில் இது நடவாது. இன்னொரு சிக்கலும் இருக்கிறது. தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்ற வழக்கால், மாமனும் மருமகளும் ஒரே பாட்டியின் அடுப்படியில் தவழ்ந்திருக்கலாம். இரத்தமும் வீடும் இங்கே மேலும் பின்னிக்கொள்கின்றன.

ஆகவே பங்காளிகளையே நாட வேண்டும். அண்ணன் ஊரில் நிலத்தோடு இருக்கிறார். தம்பி சென்னையிலோ, 2008இல் தொடங்கிய ஸ்ரீசிட்டியின் ஆலைகளையொட்டியோ குடியேறியிருக்கிறார். இரு வீட்டுப் பிள்ளைகளுக்கும் தாத்தா பாட்டி ஒருவரே. அடுப்பும் காற்றும் தட்டில் விழுவதும் வேறு. பல் அச்சு, மூக்கின் காற்றோட்டம், ஓர் இரவின் மூச்சுப் பதிவு ஆகிய மூன்றையும் அந்தப் பிள்ளைகளிடம் எடுத்தால், தாடையும் மூச்சும் தாத்தாவைப் பின்பற்றுகின்றனவா, வீட்டைப் பின்பற்றுகின்றனவா என்பது தம்பதியர் சோதனையைவிடக் குறைந்த எண்ணிக்கையிலேயே புலப்படும். பல் மானிடவியலில் திருப்பதிக்கு ஒரு மரபும் உண்டு. ஸ்ரீ வேங்கடேசுவரா பல்கலைக்கழகத்தின் வி. ராமி ரெட்டி 1985இல் அத்துறையில் ஒரு தொகுப்பே கொண்டுவந்தார்.

மறுப்புகள் வரும். ஊரைவிட்டுப் போகிறவர் உடலாலேயே வேறுபட்டவராக இருக்கலாம் என்பார்கள். உடன்பிறந்தாரை உடன்பிறந்தாரோடு ஒப்பிடும் முறை அதில் பெரும்பகுதியைத் தானே சரிசெய்துவிடும். இந்தியருக்கு இயல்பிலேயே தாடை சிறிது என்பது இன்னொரு மறுப்பு. சண்டிகரின் கிராமத்தாரும் நகரத்தாரும் ஒரே மக்கள். அவர்களுக்குள்ளேயே வேறுபாடு இருந்தபோது இந்த மறுப்புக்கு நின்று பதில் சொல்ல வேண்டியதில்லை. பருமன்தான் எல்லாம் என்போர் எடின்பரோவைப் படித்தால் போதும்.

இரத்தத்துக்குப் பங்கில்லை என்று இக்கட்டுரை சொல்லவில்லை. ஹார்வால்டின் குட்டிகள் ஒரே அடைப்புக்கு வெவ்வேறு விதமாக வளைந்ததே பிறவி வேறுபாட்டுக்குச் சான்று. நான் மறுப்பது, தம்பதியர் பொருந்தவில்லை என்ற ஒற்றை முடிவை வைத்துக் குழந்தைப் பருவ வீட்டை விடுதலை செய்ததைத்தான். அந்தத் தீர்ப்பின் விளைவு மருத்துவ அறையில் தெரிகிறது: வாய் திறந்து தூங்கும் ஐந்து வயதுப் பிள்ளையைக் கொண்டுவரும் தாயிடம், ‘அப்பாவுக்கும் இப்படித்தானே’ என்று சொல்லி அனுப்பிவிட முடிகிறது. மும்பை (2004), தில்லி (2006) முதலான நம் பெரிய கணக்கெடுப்புகள் தனி ஆட்களை எண்ணின. இனி வருபவை குடும்பங்களை எண்ணட்டும். எண்ணும்போது குடும்ப வரலாற்றுப் படிவத்தில் இரண்டு கேள்விகளைச் சேர்க்குமாறு இத்துறையினரைக் கேட்டுக்கொள்கிறேன்: பெற்றோர் சொந்தத்தில் மணந்தவர்களா, எந்த உறவுமுறை? பிள்ளை பன்னிரண்டு வயதுவரை யார் வீட்டில், எந்த அடுப்புக்கு அருகில் வளர்ந்தது?