80,000 கலம் நெல்லும் ஒரு வெற்றுத் தாளும்



வீரசாகசத் தொடர்களையும் திரைப்படங்களையும் உங்கள் வீட்டுப் பிள்ளைகள் பார்க்கும்போது நீங்களும் அருகில் அமர்ந்து பார்த்திருப்பீர்கள். நாயகன் தனித்து நின்று வெல்ல இயலாத கட்டம் ஒன்று அவற்றில் தவறாமல் வரும். அப்பொழுது, தன் ஆதாயத்தை மட்டுமே எண்ணுகிற ஒருவனை அவன் துணைக்கு அழைப்பான். தோர் என்னும் வீரன் லோகியை நம்பியும் நம்பாமலும் உடன் அழைத்துச் செல்வது அவ்வகையானதே. இத்தகைய கூட்டு ஒன்று நம் தஞ்சைத் தரணியில் மெய்யாகவே நிகழ்ந்தது. நம் சபைகள் போற்றுகிற சுவார்ட்ஸ் ஐயர் அதன் நடுவில் நின்றார். அவருடைய பக்தியை நாம் ஞாயிறு பள்ளியில் பலமுறை கேட்டிருக்கிறோம். அவர் யாரோடு நின்றார், அவர்கள் அவரை எதற்குப் பயன்படுத்திக்கொண்டார்கள் என்பதை நாம் அதிகம் பேசுவதில்லை.

1773-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில் கும்பினியின் படை ஆற்காடு நவாப் முகமது அலிக்காகத் தஞ்சைக் கோட்டையைப் பிடித்தது. மராட்டிய மன்னர் துளஜா அரியணை இழந்தார். மூன்று ஆண்டுகள் கழிந்து, 1776-இல், அதே கும்பினியே அவரை மீண்டும் அரியணையில் அமர்த்தியது. லண்டன் இயக்குநர்களின் கட்டளையை நிறைவேற்றியவர் சென்னை ஆளுநர் பிகட் பிரபு. ஆனால் தஞ்சையின் விளைச்சலை ஈடாகப் பிடித்து நவாபுக்குக் கடன் கொடுத்திருந்த பால் பென்ஃபீல்டு என்னும் கும்பினி ஊழியர், அந்த நெல் தமக்குச் சேரவேண்டியது என்று வாதாடினார். இந்தப் பிணக்கு முற்றி, ஆளுநரை அவருடைய சொந்த ஆலோசனைச் சபையாரே சிறைப்பிடித்தனர். மறு ஆண்டு அவர் காவலிலேயே இறந்தார். துளஜாவுக்குக் கிடைத்த கூட்டாளி எப்படிப்பட்டவர் என்பதற்கு வேறு சான்று தேவையில்லை. எனினும் கோட்டைக்குள் கும்பினிப் படையை வைத்துக்கொள்ளவும் அதன் செலவைச் சுமக்கவும் அவர் இசைந்தார். வேறு வழி இருந்ததாகத் தெரியவில்லை.

கிறிஸ்தியான் பிரெடெரிக் சுவார்ட்ஸ் பிரஷ்ய நாட்டவர். 1750-இல் தரங்கம்பாடியில் கரையிறங்கி, பின்பு திருச்சிராப்பள்ளியில் ஊழியஞ்செய்து, 1778-இல் தஞ்சைக்கு வந்து குடியேறினார். தமிழும் மராத்தியும் இந்துஸ்தானியும் அறிந்தவர். ஒன்றை மறவாதிருங்கள்: அவர் கும்பினியிடம் சம்பளம் பெற்ற படைக்குருவும் ஆவார். 1779-இல் சென்னை ஆளுநர் ரம்போல்டு அவரை ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கு அனுப்பி, கும்பினி சமாதானத்தையே நாடுகிறது என்று ஐதர் அலிக்கு உறுதிகூறச் செய்தார். ஐதரின் பாதுகாப்பில் இருந்த மாஹேயைக் கும்பினி பிடித்துச் சில மாதங்களே ஆகியிருந்தன. ஐதர் ஐயரை மரியாதையோடு நடத்தினார், வழிச்செலவுக்குப் பணமும் கொடுத்தார். அதைத் தம்மிடம் வைத்துக்கொள்ள மனமில்லாமல், அனாதைப் பிள்ளைகளின் பள்ளிக்கென்று ஐயர் ஒதுக்கினார். அவர் கை சுத்தமாயிருந்தது. அவர் சுமந்து சென்ற சொல்லோ வேறொருவருடையது. மறு ஆண்டு ஐதரின் படை கர்நாடகச் சமவெளியில் இறங்கியது. அந்தப் போரிலும் பாதிரியாரைத் தடையின்றிப் போகவிடும்படி ஐதர் தம் அதிகாரிகளுக்குக் கட்டளையிட்டிருந்தார் என்பதைக் கவனியுங்கள். பகைவனின் தூதனை நம்பிய ஐதர், அவரை அனுப்பியவர்களை நம்பவில்லை.

போர் தஞ்சையை வளைத்தபோது நடந்ததுதான் இக்கட்டுரையின் மையம். கோட்டைக்குள் கடும் பஞ்சம். தெருக்களில் பிணங்கள் கிடந்தன, சிப்பாய்களும் பசியால் சுருண்டு விழுந்தார்கள். ஆயினும் காவிரி நாட்டில் நெல் இல்லாமற்போகவில்லை. அது ஊர்ப்புறங்களில் இருந்தது. அதைக் கோட்டைக்குக் கொண்டுவர மாடுகள்தாம் கிடைக்கவில்லை. ஏன் தெரியுமா? முன்பு மாடு ஓட்டிவந்த ஏழைகளுக்குச் சேரவேண்டிய கூலியை துபாஷிகள் நடுவிலேயே விழுங்கிவிட்டிருந்தார்கள். ஆகவே அரசர் அழைத்தும் எவரும் வரவில்லை, கும்பினியார் அழைத்தும் வரவில்லை. உங்களையும் என்னையும் இனி எவரும் நம்பப் போவதில்லை, சுவார்ட்ஸை நம்புகிறார்களா பார்ப்போம் என்ற பொருள்பட அரசரே கூறி, ஐயருக்கு ஒரு வெற்றுத் தாளை அனுப்பினார். ஜனங்களோடு அவர் எந்த உடன்படிக்கையையும் அதில் எழுதிக்கொள்ளலாம்.

ஐயர் உபதேசியாரையும் வேறு சில கிறிஸ்தவர்களையும் ஊர்களுக்கு அனுப்பினார். கூலிக்குத் தாமே பொறுப்பு என்று வாக்குக் கொடுத்தார். சில நாட்களுக்குள் ஏறக்குறைய ஆயிரம் மாடுகள் வந்து சேர்ந்தன, 80,000 கலம் நெல் கோட்டைக்குள் புகுந்தது. ஒரு கலம் என்பது 12 மரக்கால். வீட்டில் மூத்தவர்கள் இருந்தால் கேளுங்கள், அது எத்தனை வண்டிப் பாரம் என்று சொல்லுவார்கள். கூலியை ஐயர் தம் கையாலேயே கொடுத்தார், சிறிய வெகுமதியும் சேர்த்தே கொடுத்தார். 1782-இல் கர்னல் பிரெய்த்வெயிட் தம் படையோடு திப்புவிடம் சிறைப்பட்ட பின்பு கோட்டை மறுபடியும் பட்டினியில் விழுந்தது. இம்முறை ஜனங்களை வருந்தி அழைக்க வேண்டியிருக்கவில்லை. கூலி கிடைக்கும் என்று அறிந்து மாடுகளோடு வந்தார்கள்.

அந்த நெல்லை உண்டவர்கள் யார்? பட்டினியால் வாடிய நகரத்தார் உண்டார்கள். கோட்டையைக் காத்த கும்பினிச் சிப்பாய்களும் உண்டார்கள். கோட்டை வீழாததால் அரசர் பிழைத்தார், கும்பினியும் பிழைத்தது. ஒரு மனிதன்மேல் உழவர் வைத்த நம்பிக்கையைக் கொண்டு, அந்த நம்பிக்கையை என்றோ இழந்துவிட்ட இரு தரப்பாரும் ஆதாயம் அடைந்தார்கள். இதற்காக ஐயரைக் குறைகூற எனக்கு மனமில்லை. பசித்தவனைக் கண்ட பின்பு, யாருடைய கோட்டை என்று கேட்டுக்கொண்டிருக்க முடியாது. ஆனால் இக்கேள்வியைக் கேளாமலே அவர் புகழைப் பாடுவதும் சரியன்று. போருக்குப் பின்பும் இதுவே தொடர்ந்தது. அரண்மனை அதிகாரிகளின் கொடுமைக்குத் தப்பி 65,000 குடிகள் நாட்டைவிட்டுப் போயிருந்தார்கள். திரும்பி வாருங்கள் என்று ஐயர் கேட்டுக்கொண்டபோது ஒரே நாளில் 7,000 பேர் வந்தார்கள். மறுபடியும் வரி வசூலாயிற்று.

1787-இல் மரணப்படுக்கையில் இருந்த துளஜா, தாம் சுவீகாரம் எடுத்த சிறுவன் சரபோஜியை ஐயரிடம் ஒப்புவிக்க விரும்பினார். ஐயர் தனித்து அப்பொறுப்பை ஏற்கவில்லை; அரசரின் தம்பி அமர்சிங்கிடம் விடும்படி சொன்னார். அமர்சிங்கோ, பண்டிதர்களைக் கொண்டு சுவீகாரம் செல்லாது என்று கூறுவித்துத் தாமே அரசரானார். கும்பினியும் அதற்கு இசைந்தது. சிறுவன் அடைபட்டுக் கிடந்தான். ஐயர் விடாமல் எழுதியும் முறையிட்டும், 1793-இல் அவனையும் துளஜாவின் விதவைகளையும் சென்னைக்கு அனுப்பச் செய்தார். அங்கே கெரிக்கே ஐயர் அவனுக்குக் கற்பித்தார். சுவீகார வழக்கு மறுபடி ஆராயப்பட்டது. செல்லாததாயிருந்த சுவீகாரம் இப்போது செல்லுபடியாயிற்று. 1798 பிப்ரவரி 13-இல் ஐயர் காலமானார். அதே ஆண்டு ஜூன் மாதம் சரபோஜி அரியணை ஏறினார்.

விலைச்சீட்டு மறு ஆண்டு வந்தது. 1799 அக்டோபர் 25-ஆம் நாள் உடன்படிக்கையின்படி தஞ்சை நாட்டின் ஆட்சி முழுவதும் கும்பினியின் கைக்குப் போயிற்று. அரசருக்கு ஆண்டுக்கு ஒரு லட்சம் நட்சத்திர வராகனும் நிகர வருவாயில் ஐந்தில் ஒரு பங்கும் மிஞ்சின. நம் சபை நூல்களில் கொடியவராக வரும் அமர்சிங்கே தஞ்சையைத் தாமே ஆண்ட கடைசி மன்னர் என்பதையும் நேர்மையோடு சொல்லியாக வேண்டும். யூதாவின் ராஜாவாகிய ஆகாஸ் தேவாலயத்துப் பொன்னையும் வெள்ளியையும் கொடுத்து அசீரியனைத் துணைக்கு அழைத்த வரலாற்றை 2 இராஜாக்கள் 16-இல் வாசியுங்கள். சரபோஜியை ஆகாஸோடு ஒப்பிடமாட்டேன். அவருக்கு அப்போது வயது 22. அவரை மீட்டவரும் கல்வி தந்தவரும் அந்தப் பக்கத்திலிருந்தே வந்தவர்கள்.

நாடில்லாத அரசர் நூல்களைச் சேர்த்து சரசுவதி மகாலை வளர்த்தார், ஒரத்தநாட்டில் முத்தம்பாள் சத்திரத்தைக் கட்டினார். இந்து சமயத்திலேயே நிலைத்திருந்தார். தம் குருவுக்கு ஃபிளாக்ஸ்மன் என்னும் சிற்பியைக் கொண்டு பளிங்கு நினைவுச்சின்னம் செய்வித்தார். சிவகங்கைக் குளத்தருகே உள்ள ஆலயத்துக்குப் போனால், படுக்கையில் கிடக்கும் ஐயரின் கையைச் சரபோஜி பற்றியிருப்பதை அதில் காணலாம். கும்பினியும் பின்தங்கவில்லை: ஐயருக்காகச் சென்னைக் கோட்டையின் பரிசுத்த மரியாள் ஆலயத்தில் மற்றொரு சின்னம் வைத்தது. மல்லிப்பட்டினம் அருகே கடற்கரையில் நிற்கும் மனோராவும் சரபோஜி கட்டியதே. நெப்போலியனை ஆங்கிலேயர் வென்றதற்காக எழுப்பிய கோபுரம் அது.

சரபோஜி 1832-இல் மறைந்தார். அவர் மகன் சிவாஜி 1855-இல் ஆண் வாரிசின்றி இறந்தபோது, கும்பினி அரச பட்டத்தை ஒழித்தது. அரண்மனையின் தனிச்சொத்தையும் கைப்பற்றியது. மூத்த அரசி காமாட்சி பாய் சென்னை உச்ச நீதிமன்றத்தில் வழக்கிட்டு வென்றார். 1859-இல் லண்டன் பிரிவி கவுன்சில் அத்தீர்ப்பைத் தள்ளிவிட்டது. அது அரசுச் செயல், நியாயமா அநியாயமா என்று கூற நீதிமன்றத்துக்கு அதிகாரமில்லை என்றது. 1862-இல் சொத்து அரசிகளிடம் திரும்பி வந்தது. உரிமை என்றல்ல, அரசாங்கத்தின் தயவு என்று.