பெரட்டுக்களத்திலிருந்து லயத்து வாசல் வரை: மடுல்கெல்ல மலைத்தோட்டங்களில் உணவு வழங்கலின் வரலாறு

கண்டியிலிருந்து வத்தேகம, பன்வில வழியாக நக்கிள்ஸ் மலைத்தொடரை நோக்கி ஏறும் பாதையில் இருக்கிறது மடுல்கெல்ல. கோப்பிக் காலத்திலேயே காடழித்துத் தோட்டமாக்கிய பூமி. இந்தச் சரிவுகளில் குடியேற்றப்பட்ட தமிழ்த் தொழிலாளருக்கு உழ வயல் இல்லை. உண்ணும் அரிசி எப்போதும் வெளியிலிருந்தே வந்தாக வேண்டும். கொரோனாக் காலத்தில் உலருணவுப் பொதி வீடு தேடி வந்தபோது பலர் அதைப் புதுமையாகப் பேசினார்கள். ஆனால் அந்தப் பொதிக்கு முன்னால் நீண்ட வரலாறு ஒன்று உண்டு. அதில் உணவு கொடுத்த கை பலமுறை மாறியது. எந்தக் காலத்திலும் யார் வீட்டு அடுப்பு எரியும் என்பதை முடிவு செய்தது பெயர்ப் பட்டியல்தான் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

கோப்பிக் காலத்தில் அரிசி இந்தியாவிலிருந்தும் பர்மாவிலிருந்தும் கப்பலில் கொழும்புக்கு வந்து, மாட்டு வண்டிகளில் மலையேறியது. 1867இல் கண்டிக்கும், 1880இல் வத்தேகம வழியாக மாத்தளைக்கும் ரயில் வந்த பின்பும் கடைசித் தூரம் மாறவில்லை. வண்டி ஏறாத இடத்துக்குத் தவளமாடோ மனிதத் தலையோதான் சுமந்தது. அப்படி வந்த அரிசி இலவசமும் அல்ல. ஆள் திரட்டி வேலை வாங்கிய பெரிய கங்காணியின் கணக்கில் முன்பணத்தோடு அதுவும் கடனாக ஏறியது, கூலியில் கழிக்கப்பட்டது. கடன் தீராதவருக்குத் தோட்டம் மாறத் துண்டுச் சீட்டும் எளிதில் கிடைக்காது. அந்தத் துண்டு முறை 1921இல்தான் ஒழிந்தது.

1927ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கக் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் இந்த ஏற்பாட்டைச் சட்டக் கணக்குக்குள் கொண்டுவந்தது. 1929இல் நிர்ணயிக்கப்பட்ட நாட்கூலி மலைநாட்டில் ஆணுக்கு 54 காசு, நடுநாட்டில் 52 காசு, தாழ்நாட்டில் 50 காசு. இந்தக் கூலி, தோட்டம் ஒரு புசல் அரிசியை 6 ரூபாய் 40 காசுக்கு விற்கும் என்ற அடிப்படையில் கணக்கிடப்பட்டது. அதற்கு மேல், வேலை செய்யும் ஆணுக்கும், வேலைக்குப் போகும் வயதில்லாத பிள்ளையுள்ள விதவைக்கும் மாதம் எட்டில் ஒரு புசல் அரிசி இலவசம். ஒரு புசலுக்கு 32 கொத்து; அப்படியானால் இலவசமாகக் கிடைத்தது 4 கொத்து, ஏறக்குறைய மூன்றரைக் கிலோ. விதவையைச் சட்டம் தனியே கவனித்தது பெரிய காரியம். ஆனாலும் இந்த அரிசி பசித்தவருக்கு உரியதாக வரவில்லை, செக்ரோல் என்ற வரவுப் பதிவேட்டில் பெயருள்ளவருக்கு உரியதாகவே வந்தது. விடியற்காலையில் பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்கு, போய்ப் பேர் போட்டவர்தான் சாக்கோடு களஞ்சியத்தின் முன் நிற்க முடியும். பொருளாதார மந்தத்தில், 1930களின் தொடக்கத்தில், கூலி குறைக்கப்பட்டது. அரிசி விலையும் கூடவே குறைக்கப்பட்டது. கூலியும் அரிசியும் ஒரே தராசின் இரண்டு தட்டுகளாகவே இருந்தன.

1942இல் பர்மா ஜப்பானியர் கையில் விழுந்ததும் அரிசி வரத்து நின்றது. அரசு பங்கீட்டில் இறங்கியது. தோட்டத் துரையின் களஞ்சியத்தோடு கூப்பன் புத்தகமும் கூட்டுறவுச் சங்கக்கடையும் சேர்ந்துகொண்டன. 1948இன் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் பெரும்பாலோரை நாடற்றவராக்கிய பிறகும் பங்கீட்டு அரிசி அவர்களுக்குக் கிடைத்துவந்தது. அரசு அவர்களை மனிதராக எண்ணிய மிகச் சில இடங்களில் அந்தக் கூப்பன் ஒன்று. 1953இல் அரிசி விலை கொத்துக்கு 25 காசிலிருந்து 70 காசாக உயர்ந்தது. ஆகஸ்ட் 12இல் நாடே ஹர்த்தாலில் நின்றது. 1966இன் இறுதியில் டட்லி சேனநாயக்க அரசு வாரப் பங்கீட்டை இரண்டு கொத்திலிருந்து ஒன்றாக்கி, அந்த ஒன்றை இலவசமாக்கியது.

1973, 74ஆம் ஆண்டுகள் வேறு. உலகச் சந்தையில் அரிசி, கோதுமை, எண்ணெய் விலைகள் ஒன்றாக ஏறின. அந்நியச் செலாவணி வற்றியது. பங்கீடும் மாவும் வெட்டப்பட்டன. கிராமத்தில் இருந்தவர் மரவள்ளியோ வற்றாளையோ நட்டுப் பிழைத்தார். தோட்டத்து வரிசை வீடான லயத்தில் இருந்தவருக்கு நட நிலம் இல்லை. மாவட்டம் விட்டு மாவட்டம் அரிசி கொண்டுபோகத் தடையிருந்ததால், பாதைத் தடைகளில் பைகள் சோதிக்கப்பட்டன. தோட்டங்களில் இறப்பு வீதம் நாட்டின் சராசரியைத் தாண்டி எகிறியது. தோட்டத்தை விட்டு நகர வீதிகளில் கையேந்த வந்த குடும்பங்களைக் கண்டி மக்கள் கண்ணால் பார்த்தார்கள். ஏற்றுமதி வருமானத்தின் பெரும்பங்கை ஈட்டிக் கொடுத்தவர்கள் பட்டினியால் செத்தார்கள் என்பதை மலையக வரலாற்றின் ஓர் அடிக்குறிப்பாகச் சுருக்குவதை என்னால் ஏற்க முடியாது.

அடுத்த மாற்றம் 1978, 79இல் வந்தது. பங்கீடு, மாத வருமானம் 300 ரூபாய்க்குக் குறைந்த குடும்பங்களுக்கு மட்டும் என்றாகி, பிறகு உணவு முத்திரையானது. இங்கே செக்ரோல் தொழிலாளிக்கு எதிராகத் திரும்பியது. கிராமத்து ஏழையின் வருமானத்துக்கு எழுத்துச் சான்று இல்லை. தோட்டத் தொழிலாளியின் ஒவ்வொரு நாள் கூலியும் பதிவில் இருந்தது. கணவன், மனைவி, வளர்ந்த மகள் என மூன்று பேர் கூலியைக் கூட்டினால் வரம்பு தாண்டிவிடும். சாப்பிடும் வாய்களுக்கு அந்தக் கூலி போதுமா என்று எவரும் கேட்கவில்லை. வறுமை நிவாரணத் திட்டங்களான 1989இன் ஜனசவியவிலும் 1995இன் சமுர்த்தியிலும் தோட்டங்கள் ஓரத்திலேயே நின்றன.

2020 மார்ச் 20இல் ஊரடங்கு விழுந்தபோது நகரங்களில் தொலைபேசியில் சொன்னால் சாமான் வாசலுக்கு வந்தது. தோட்டங்களில் கொழுந்து பறிப்பு நிற்கவில்லை, கடைதான் மூடியிருந்தது. பின்னர் தனிமைப்படுத்தப்பட்ட குடும்பங்களுக்கு இரண்டு வாரத்துக்கென 10,000 ரூபாய் பெறுமதியான உலருணவுப் பொதியைப் பிரதேச செயலகங்கள் கிராம உத்தியோகத்தர் மூலம் அனுப்பின. அப்போது அரசு இலவச உணவை வீட்டு வாசலில் கொண்டுபோய்க் கொடுக்க முனைந்தது. ஆனால் லயக் காம்பராவுக்குத் தனி முகவரி இல்லை. கடிதமே தோட்ட அலுவலகத்துக்கு வந்து, அங்கிருந்து கைமாறித்தான் வரும். லொறி பாதை முடியும் இடத்தில் நிற்கும். அதற்கு மேல் அரிசி, பருப்பு, சீனி, டின்மீன் எல்லாம் கோப்பிக் காலத்தைப் போலவே ஆள்சுமையாகத்தான் ஏறும். ஒரே காம்பராவில் பெற்றோரும் மணமான மகனும் தனித்தனியே உலை வைத்தாலும் பட்டியலில் ஒரு குடும்பமாகவே தெரிவதும் உண்டு.

2022இன் பொருளாதார நெருக்கடியில், கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் செப்டம்பரில் 94.9 சதவீதத்தைத் தொட்டது. 63 லட்சம் பேர் உணவுப் பாதுகாப்பின்றி இருப்பதாக ஐ.நா.வின் உணவு விவசாய அமைப்பும் உலக உணவுத் திட்டமும் அறிவித்தன. மிக மோசமான நிலை தோட்டங்களில். தமிழ்நாடு சட்டமன்றம் ஏப்ரல் 29இல் தீர்மானம் நிறைவேற்றி 40,000 டன் அரிசி, 500 டன் பால்மா, மருந்துகள் என 123 கோடி இந்திய ரூபாய் மதிப்பில் உதவி அறிவித்தது. முதல் கப்பல் மே 18இல் சென்னையிலிருந்து புறப்பட்டது. தமிழருக்கு மட்டும் என்றில்லாமல் எல்லா இலங்கையருக்கும் என அந்த உதவி விரிந்தது சரியான முடிவு. மலைநாட்டுக்கு வந்த மூட்டைகளும் கிராம உத்தியோகத்தரின் பட்டியல் வழியேதான் பிரிந்தன.

2023இல் தொடங்கிய அஸ்வெசும என்ற நலன்புரித் திட்டம் பொருளை விட்டுப் பணத்துக்கு மாறியது. கொடுப்பனவு வங்கிக் கணக்கில் விழுகிறது. கையிலே காசு இருப்பது மதிப்பான விஷயம், அதை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் மலை மேல் டிவிஷனில் இருப்பவர் அதை எடுக்க ஒரு நாள் பேரை, அதாவது கூலியை, இழந்து, பஸ் ஏறி டவுனுக்குப் போய், அரிசியை வாங்கித் தானே சுமந்து ஏற வேண்டும். நடக்க முடியாத முதியவருக்கு அதுவும் இல்லை. லயக் காம்பரா ஒவ்வொன்றுக்கும் இலக்கமிட்டு, ஒவ்வோர் அடுப்பையும் தனிக் குடும்பமாகப் பதியும் வேலையைப் பிரதேச செயலகமும் தோட்ட நிர்வாகமும் சேர்ந்து செய்யலாம். அடுத்த நெருக்கடி வருவதற்கு முன்பே செய்ய வேண்டிய வேலை அது.