வருமானமற்ற மாணவரும் கடனட்டையும்

க.பொ.த. உயர்தரப் பரீட்சையை முடித்துவிட்டு மேற்படிப்பை நாடும் மாணவர்கள் இன்று எதிர்கொள்ளும் சிக்கல்களுள் ஒன்று, கட்டணத்தை எவ்வாறு செலுத்துவது என்பதாகும். தொழில்சார் பரீட்சைகளுக்கான பதிவு, ஆங்கில மொழித் தேர்ச்சிப் பரீட்சை, வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களுக்கான விண்ணப்பம் ஆகியன பெரும்பாலும் இணையத்தினூடாக, அட்டை மூலமே கட்டணத்தைக் கோருகின்றன. மட்டக்குளி, முகத்துவாரம், கொட்டாஞ்சேனை போன்ற பகுதிகளில் துறைமுகக் கூலித் தொழிலையும், மீன் வியாபாரத்தையும், முச்சக்கர வண்டியையும் நம்பி வாழும் குடும்பங்கள் பல. தந்தைக்கே சம்பளப் பட்டியல் இல்லாத வீட்டில், வருமானமற்ற மகனோ மகளோ கடனட்டைக்கு விண்ணப்பித்தால் கிடைக்குமா?

தனித்து விண்ணப்பித்தால் பெரும்பாலும் கிடைக்காது என்பதே நேரான பதிலாகும். 1989 ஆம் ஆண்டின் சட்டத் திருத்தத்தின்படி இலங்கையில் 18 வயதை அடைந்தவர் சட்டத்தின் பார்வையில் வயது வந்தவராவார்; ஒப்பந்தம் செய்யும் தகுதியும் அவருக்கு உண்டு. ஆயினும் கடனட்டைக்கு வயது மட்டும் போதாது. தேசிய அடையாள அட்டை, வதிவிடத்தை உறுதிப்படுத்தும் மின்சார அல்லது நீர்க் கட்டணப் பட்டியல் ஆகியவற்றுடன் சம்பளப் பட்டியலையும் வங்கிக் கணக்குக் கூற்றையும் வங்கிகள் கோருகின்றன. ஏனெனில் கடனட்டையில் இருப்பது நமது பணமன்று. மாதமுடிவில் திருப்பிச் செலுத்துவோம் என்ற நம்பிக்கையில் வங்கி தரும் கடனேயாகும்.

எனினும் மாணவருக்கு வழியே இல்லை என்று எண்ண வேண்டியதில்லை. முதலாவது, சேமிப்புக் கணக்குடன் வழங்கப்படும் பற்று அட்டை. வெளிநாட்டுக் கொடுப்பனவுக்கும் இணையக் கொடுப்பனவுக்கும் அதனை இயக்கித் தருமாறு வங்கியிடம் கேட்டுக்கொண்டால், மேற்கூறிய கட்டணங்களுள் பெரும்பாலானவற்றை அதன் மூலமே செலுத்திவிடலாம். கணக்கிலுள்ள தொகைக்குள்ளேயே செலவு அடங்குவதால் வட்டி என்ற பேச்சுக்கே இடமில்லை. இரண்டாவது, பெற்றோரின் கடனட்டையுடன் இணைந்த மேலதிக அட்டை. இதில் பிள்ளை செய்யும் செலவு முழுவதற்கும் பிரதான அட்டைதாரரே பொறுப்பாவார். மூன்றாவது, நிலையான வைப்பொன்றை ஈடாக வைத்துப் பெறும் கடனட்டை. நிரந்தரச் சம்பளம் இல்லாவிடினும் சிறுகச் சிறுகச் சேமித்த குடும்பங்களுக்கு இது பொருந்தும். ஆனால் கடனைச் செலுத்தத் தவறினால் வங்கி அந்த வைப்பிலேயே கைவைக்கும்.

வட்டி பற்றிய தெளிவு இன்றியமையாததாகும். இலங்கை மத்திய வங்கி 2020 ஆகஸ்டில் கடனட்டை வட்டிக்கு ஆண்டுக்கு 18 சதவீதம் என உச்ச வரம்பு விதித்தது. பொருளாதார நெருக்கடியின்போது, 2022 ஏப்ரலில், அவ்வரம்பு நீக்கப்பட்டது. அதே ஆண்டில் வட்டி 36 சதவீதம்வரை உயர்ந்தது. 50,000 ரூபா நிலுவைக்கு மாத வட்டி ஏறத்தாழ 750 ரூபாவாக இருந்தது 1,500 ரூபாவாக இரட்டித்தது. குறைந்தபட்சத் தொகையாக நிலுவையின் 5 சதவீதத்தை, அதாவது 2,500 ரூபாவை, ஒருவர் செலுத்தினார் என்று கொள்வோம். 36 சதவீத வட்டியில் அதில் 1,500 ரூபா வட்டிக்கே போய்விட, முதலில் குறைவது வெறும் 1,000 ரூபாவேயாகும். கடனட்டையால் ரொக்கம் எடுத்தாலோ, அன்றைய தினத்திலிருந்தே வட்டி ஏறத் தொடங்கும்.

வட்டியைத் தவிர்ப்பதை மார்க்கக் கடமையாகக் கொள்ளும் முஸ்லிம் குடும்பங்களுக்குப் பற்று அட்டையே இயல்பான தெரிவாக அமையும். 2005 ஆம் ஆண்டின் வங்கிச் சட்டத் திருத்தம் இந்நாட்டில் இஸ்லாமிய வங்கி முறைக்கு வழி திறந்தது. 2011 இல் முழுமையான முதலாவது இஸ்லாமிய வங்கியாக அமானா வங்கி செயற்படத் தொடங்கியது.

வருமானம் இருப்பதாகக் காட்டப் போலிச் சம்பளக் கடிதம் தயாரித்துத் தருவதாக எவரேனும் கூறினால் அதற்கு இணங்கவே கூடாது. அது குற்றமாகும். 1990 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் நிறுவப்பட்ட கொடுகடன் தகவல் பணியகத்தில், அதாவது மக்கள் ‘கிரிப்’ என்று அழைக்கும் நிறுவனத்தில், கடன் பெற்றவரின் கொடுப்பனவுகள் மட்டுமன்றி அவருக்குப் பிணை நின்றவரின் விபரமும் பதிவாகின்றது. இருபது வயதில் தவறவிட்ட கடன், பின்னர் வீட்டுக் கடனுக்கோ தொழிற் கடனுக்கோ விண்ணப்பிக்கும்போது குறுக்கே நிற்கக்கூடும்.

அமெரிக்காவில் பல்கலைக்கழக வளாகங்களிலேயே அன்பளிப்புகளைக் காட்டி மாணவரைக் கடனட்டைக்கு இழுத்த காலம் ஒன்றிருந்தது. 2009 ஆம் ஆண்டின் கடனட்டைச் சட்டம் அதனைத் தடைசெய்ததுடன், 21 வயதுக்குட்பட்டோர் சொந்த வருமானத்தையோ உடன் கையொப்பமிடும் ஒருவரையோ காட்ட வேண்டும் எனவும் விதித்தது. வருமானமற்ற இளைஞருக்கான மறுப்பு ஒரு பாதுகாப்பும் ஆகும் என்பதை இது உணர்த்துகின்றது.

அதேவேளை, நாட்கூலியில் நேர்மையாக வாழும் குடும்பங்களைச் சம்பளப் பட்டியல் இல்லை என்ற ஒரே காரணத்துக்காகப் புறந்தள்ளாது, கணக்கில் தொடர்ந்து நிகழும் சேமிப்பையும் வங்கிகள் சான்றாகக் கொள்ள வேண்டும் என வலியுறுத்துகின்றோம். மாணவர்கள் ஒப்பந்த விதிகளைத் தமிழில் கேட்டுப் பெற்று, வாசித்த பின்னரே கையொப்பமிட வேண்டும். வங்கியுடன் தீராத முறைப்பாடு இருப்பின், மத்திய வங்கியின் நிதியியல் நுகர்வோர் உறவுகள் திணைக்களத்தை 1935 என்ற இலக்கத்தில் நாடலாம். இன்று தேவைப்படுவது ஒரு பரீட்சைக் கட்டணமே எனில், அதற்குக் கடன் வேண்டியதில்லை. சேமிப்புக் கணக்கும் பற்று அட்டையும் போதும்.