இருக்கையின் அளவும் உடலின் பாரமும்

கி.பி. 958ஆம் ஆண்டில், ஐபீரியத் தீபகற்பத்தின் வடபகுதியில் இருந்த லியோன் நாட்டின் மன்னர் முதலாம் சான்சோ தம் அரியணையை இழந்தார். அவரை வீழ்த்திய பிரபுக்களுக்கு அரசியல் நோக்கங்கள் பல இருந்தன. ஆயினும் அவர்களுக்கு வாய்ப்பாக அமைந்தது மன்னரின் உடலே. மிகுந்த பருமனால் குதிரையில் ஏறவும் அவரால் இயலவில்லை. படை நடத்துவதே அரசனின் முதற்கடமை எனக் கருதப்பட்ட அக்காலத்தில், குதிரை ஏற இயலாதவர் அரசாளத் தகுதியற்றவர் ஆனார். 'பருத்தவர் சான்சோ' என்றே வரலாறு இன்றளவும் அவரைக் குறிப்பிடுகிறது.

சான்சோவின் பாட்டியான நவார் நாட்டு அரசி டோடா, பேரனுக்காக உதவி வேண்டியது கொர்தோவாவிடம். உமையாக் கலீஃபா மூன்றாம் அப்துர் ரஹ்மானின் தந்தைக்கு டோடா ஒரு தாய் வயிற்றுச் சகோதரி என்பது பலரும் அறியாத செய்தி. கலீஃபா தம் அவைப் பெரியவரும் யூத மருத்துவருமான ஹஸ்தாய் இப்னு ஷப்ரூத்தை அனுப்பினார். கிரேக்க மருத்துவர் டயாஸ்கரிடீஸின் மூலிகை நூலை அரபியில் செம்மைப்படுத்திய குழுவில் பங்காற்றியவர் அவர். அவருடைய ஏற்பாட்டில் பாட்டியும் பேரனும் கொர்தோவா வந்து சேர்ந்தனர். வழிநெடுக மன்னரை நடத்தியே அழைத்து வந்தனர் என்றும், வாயைத் தைத்துவிட்டு நீருணவு மட்டுமே கொடுத்தனர் என்றும் பிற்காலக் கதைகள் கூறும். அவற்றை வரலாறாகக் கொள்வதற்கில்லை. சிகிச்சையால் சான்சோ உடல் இளைத்தார் என்பதும், முஸ்லிம் படையின் துணையோடு 960இல் லியோனை மீண்டும் அடைந்தார் என்பதுமே வரலாறு.

கலீஃபாவின் உதவி தன்னலமற்றது அன்று. எல்லைக் கோட்டைகள் பத்து அதற்கு விலையாகப் பேசப்பட்டன. ஆயினும் இந்நிகழ்ச்சியில் கருதத்தக்க ஒன்று உண்டு. பருத்த உடலைக் கண்டு ஒரு சமூகம் ஒருவரை இருக்கையிலிருந்து இறக்கியது. மற்றொரு சமூகம் அதே உடலை மருத்துவம் பெற வேண்டிய உடலாகக் கண்டு, அவரை மீண்டும் அமர்த்தியது. ஆயிரம் ஆண்டுகளுக்குப் பின்னர் இதே வழக்கு வேறொரு இருக்கையைக் குறித்து எழுந்துள்ளது. அது விமான இருக்கை. அவ்வழக்கை எடைபோடுவதற்கு முன்னர் நம் மரபு இதுபற்றி என்ன கூறுகிறது என்பதை அறிதல் நலம்.

மருத்துவர்களின் பார்வை

சான்சோ கொர்தோவா வந்த காலத்திற்குச் சுமார் இருபது ஆண்டுகளுக்குப் பின்னர்ப் பிறந்தவர் இப்னு ஸீனா (980 - 1037). அவருடைய 'அல்கானூன் ஃபித் திப்' என்னும் பெருநூலின் நான்காம் நூல் மிகைப் பருமனின் தீங்குகளைத் தனியே ஆராய்கிறது. மிகைப் பருமன் மனிதனின் இயக்கத்திற்கு இடப்பட்ட விலங்கு என்பது அவர் கருத்து. அது நாளங்களை நெருக்குகிறது, மூச்சைத் திணற வைக்கிறது, திடீர் மரணத்திற்கும் வழி வகுக்கிறது என்று அவர் எச்சரிக்கிறார். உணவைக் குறைத்தல், வயிற்றை நிரப்பியும் ஊட்டம் குறைந்ததுமான உணவைக் கொள்ளுதல், கடும் உடற்பயிற்சி செய்தல், உண்பதற்கு முன் குளித்தல் ஆகியவை அவர் கூறும் வழிகள். இன்றைய மருத்துவரின் அறிவுரையிலிருந்து இவற்றுட் பல வெகுதூரம் விலகியவை அல்ல. அவர் பேசுவது நோயைப் பற்றியே அன்றி நோயாளியின் குணத்தைப் பற்றி அன்று என்பது இங்கு நினைவிற் கொள்ளத்தக்கது.

எச்சரிக்கையும் கண்ணியமும்

உண்ணுங்கள், பருகுங்கள், ஆனால் வரம்பு மீறாதீர்கள் என்னும் பொருளில் அருள்மறை கட்டளையிடுகிறது (7:31). மனிதன் நிரப்பும் பாத்திரங்களுள் மிகக் கெட்டது வயிறு என்றும், அதில் மூன்றில் ஒரு பங்கு உணவுக்கும் ஒரு பங்கு நீருக்கும் ஒரு பங்கு மூச்சுக்கும் உரியது என்றும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் உரைத்ததைத் திர்மிதீ பதிவு செய்துள்ளார். பிற்காலத் தலைமுறையினரிடம் தோன்றும் சீர்கேடுகளை எண்ணிச் சொல்கையில், நம்பிக்கைத் துரோகம், நேர்ச்சையை நிறைவேற்றாமை ஆகியவற்றோடு உடற்பருமனும் அவர்களிடம் தோன்றும் என்று கூறியதும் புகாரீ, முஸ்லிம் ஆகிய நூல்களில் உள்ளது.

இந்த ஹதீஸைத்தான் நம்மவர் சிலர் பருத்த உடலினரைக் கேலி செய்யக் கருவியாக்குகின்றனர். ஆனால் நம் இமாம்கள் அதனை அவ்வாறு விளங்கவில்லை. இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் முஸ்லிம் விரிவுரையில் தரும் விளக்கத்தின்படி, இங்குப் பழிக்கப்படுவது பருமனை வலிந்து தேடிக்கொள்வதுதான். இயல்பிலேயே பருத்த உடல் வாய்ந்தவர் இப்பழிப்பில் அடங்கார். ஆசைக்கு அடிமையாவது ஒன்று, உடலின் அமைப்பு மற்றொன்று. இவ்விரண்டையும் வேறுபடுத்திக் காண்பதுதான் அறிஞர் வழக்கம். ஒருவருடைய உடலைப் பார்த்த மாத்திரத்தில் அது எவ்வகையைச் சேர்ந்தது என்று தீர்ப்பளிக்க நம்முள் யாருக்கு இயலும்?

மறுமையில் கனத்த பெரிய உடலுடன் வரும் ஒருவன் கொசுவின் இறகளவு எடையும் பெறமாட்டான் என்றொரு நபிமொழி உண்டு. அதன் இணையாக மற்றொன்றும் உண்டு. இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்களின் மெலிந்த கால்களைக் கண்டு தோழர்கள் சிரித்தபோது, அக்கால்கள் மறுமைத் தராசில் உஹத் மலையினும் கனமானவை என்று நாயகம் (ஸல்) அவர்கள் கண்டித்துரைத்தார்கள். இவ்விரண்டையும் சேர்த்து நோக்குவோருக்கு உண்மை விளங்கும். அந்தத் தராசு தசையை நிறுப்பதில்லை. பருத்தவரைப் பார்த்துச் சிரிப்பதும் மெலிந்தவரைப் பார்த்துச் சிரிப்பதும் ஒரே பிழையின் இரு பக்கங்கள்.

முஸ்தலிஃபா இரவு

இவ்வகையில் மிகத் தெளிவான சான்று அன்னை ஸவ்தா (ரலி) அவர்களின் வாழ்வில் உள்ளது. அவர்கள் கனத்த உடலும் மெதுவான நடையும் உடையவர்கள். ஹிஜ்ரி 10ஆம் ஆண்டு ஹஜ்ஜின்போது முஸ்தலிஃபாவில் தங்கிய இரவில், மக்கள் கூட்டம் நெருக்கியடித்துப் புறப்படுவதற்கு முன்னரே தாம் மினாவுக்குச் செல்ல அவர்கள் அனுமதி கேட்டார்கள். நாயகம் (ஸல்) அவர்கள் அனுமதி வழங்கினார்கள். அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் விடியும் வரை தங்கிப் பின்னர்ப் புறப்பட்டார்கள். ஸவ்தா கேட்டதைப் போலத் தாமும் கேட்டிருந்தால் அது தமக்கு எல்லா மகிழ்ச்சியினும் மேலாக இருந்திருக்கும் என்று பிற்காலத்தில் அவர்கள் கூறியதைப் புகாரீயும் முஸ்லிமும் பதிவு செய்துள்ளனர்.

வரலாற்றில் இதற்கு நிகரான நிகழ்ச்சி அரிது. வணக்கத்தின் பெரும் பயணத்தில், நெரிசலின் நடுவே, கனத்த உடலுடைய ஒரு பெண்மணி வந்து தம் நிலையைச் சொல்கிறார். உடலைக் குறைத்துக்கொண்டு வந்திருக்கலாமே என்று அவரிடம் எவரும் கேட்கவில்லை. பயணத்தின் ஒழுங்குதான் அவருக்காக நெகிழ்ந்து கொடுக்கிறது. பலவீனரும் முதியோரும் நள்ளிரவுக்குப் பின் புறப்படலாம் என்னும் சட்டத்திற்கு ஃபிக்ஹு நூல்கள் காட்டும் ஆதாரங்களுள் இந்நிகழ்ச்சியும் ஒன்று. ஒருவருக்காகத் திறந்த வாயில் வழியே தலைமுறை தலைமுறையாக எத்தனையோ முதியவர்களும் நோயாளிகளும் கடந்து சென்றுள்ளனர்.

உடல் மாற்றத்தை அன்போடு ஏற்பதற்கும் நபிவழியில் முன்மாதிரி உண்டு. ஒரு பயணத்தில் ஆயிஷா (ரலி) அவர்கள் நாயகத்துடன் ஓட்டப் பந்தயம் ஓடி வென்றார்கள். பின்னர் அவர்கள் உடல் சதைப்பிடித்த காலத்தில் மீண்டும் ஓடியபோது நாயகம் (ஸல்) அவர்கள் வென்று, அன்றைய தோல்விக்கு இது ஈடு என்று இனிமையாகச் சொன்னதை அபூதாவூத் அறிவிக்கிறார்.

பக்தாதின் ஆசிரியர்

தமிழகத்தின் கடற்கரை ஊர்களில் ஷாஃபிஈ மத்ஹபும் உள்நாட்டு ஊர்கள் பலவற்றில் ஹனஃபீ மத்ஹபும் வழங்குதல் நாம் அறிந்ததே. இவ்விரு மரபுகளும் சந்தித்த இடம் பக்தாத். அங்கு இமாம் அபூஹனீஃபாவின் மாணவர் முஹம்மத் இப்னுல் ஹஸன் அஷ்ஷைபானீ (ரஹ்) அவர்களிடம் இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்கள் பாடம் கேட்டார்கள். ஓர் ஒட்டகம் சுமக்கும் அளவு கல்வியை அவரிடமிருந்து பெற்றதாக அவர்களே கூறியுள்ளார்கள். அந்த ஆசிரியர் பருத்த உடலினர். பருத்தவர்களைப் பற்றி அக்காலத்தில் நிலவிய தாழ்வான எண்ணம் இமாம் ஷாஃபிஈ அவர்களின் சொல்லிலும் வெளிப்பட்டதுண்டு. பருத்தவர் எவரும் சிறந்ததில்லை என்று சொன்ன அவர்களே, முஹம்மத் இப்னுல் ஹஸனை அதிலிருந்து விலக்கினார்கள். பருத்தவருள் அவரினும் இலகுவான உள்ளம் படைத்தவரைக் கண்டதில்லை என்றும் புகழ்ந்தார்கள். பொதுவாகப் பேசும்போது வந்த எண்ணம், அறிந்த ஒரு மனிதர் முன் நிற்கும்போது தோற்றுவிடுகிறது. தவறான எண்ணங்கள் கலைவது பெரும்பாலும் இவ்வழியில்தான்.

பருமனே அழகென்ற எண்ணமும் முஸ்லிம் சமூகங்கள் சிலவற்றில் வேரூன்றியிருந்தது. மவ்ரித்தானியாவில் சிறுமியருக்குப் பாலையும் தானியக் கூழையும் வலிந்து புகட்டிப் பருக்க வைக்கும் வழக்கம் இருபதாம் நூற்றாண்டிலும் தொடர்ந்தது. பழிப்பது ஒரு கொடுமை என்றால், வலிந்து பருக்க வைப்பதும் அதற்குக் குறைந்ததன்று.

சராசரி மனிதனும் விமானமும்

இனி நம் காலத்திற்கு வருவோம். 1835இல் பெல்ஜிய அறிஞர் அடால்ஃப் கெட்லே 'சராசரி மனிதன்' என்னும் கருத்தை முன்வைத்தார். உடலின் எடைக்கும் உயரத்துக்கும் அவர் வகுத்த விகிதமே பின்னர் 1972இல் உடல்நிறைக் குறியீடு என்னும் பெயர் பெற்றது. மக்கட்தொகையை ஆராயப் பிறந்த அந்தச் சராசரி, நாளடைவில் தனிமனிதரை அளக்கும் கோலாக மாறியது. சாதாரண வகுப்பு விமான இருக்கையின் அகலம் இன்று ஏறத்தாழ 17 அல்லது 18 அங்குலம். சராசரிக்கென வகுத்த அளவில் அடங்காதவர் குற்றவாளியைப் போல் கூனிக்குறுகி அமர நேர்கிறது.

உலகில் 2022ஆம் ஆண்டுக் கணக்கின்படி நூறு கோடிக்கும் மேற்பட்டோர், அதாவது எட்டுப் பேரில் ஒருவர், உடற்பருமன் உடையோர். எனவே இது ஒரு சிலரின் சிக்கல் அன்று. அமெரிக்காவின் சவுத்வெஸ்ட் நிறுவனம், இரு கைப்பிடிகளுக்கு இடையே அடங்காத பயணி இரண்டாம் இருக்கைக்கும் சீட்டு வாங்க வேண்டும் என்னும் விதியை 1980இலேயே வகுத்தது. 2002இல் அதனைக் கண்டிப்பாகச் செயல்படுத்தப் போவதாக அறிவித்தபோது பெரும் விவாதம் எழுந்தது. 2013இல் சமோவா ஏர் என்னும் சிறு நிறுவனம் பயணியின் எடைக்கேற்பக் கட்டணம் வாங்கத் தொடங்கியது.

நிறுவனங்கள் தரப்பில் நியாயமே இல்லை எனல் ஆகாது. விமானத்திற்கு எடை உயிர்நாடியான கணக்கு. 2003 ஜனவரி 8 அன்று அமெரிக்காவின் சார்லட் நகரில் சிறு விமானம் ஒன்று விழுந்து, அதிலிருந்த 21 பேரும் மாண்டனர். பராமரிப்புப் பிழையோடு, பயணிகளின் எடையைப் பழைய சராசரியைக் கொண்டு கணக்கிட்டதும் அதற்குக் காரணமாயிற்று. பின்னர் அந்தச் சராசரி உயர்த்தப்பட்டது. அதிகாரிகள் எடைக் கணக்கைத் திருத்தினர், இருக்கையின் அகலத்தையோ திருத்தவில்லை என்பது சிந்திக்கத்தக்கது.

அருகில் அமர்பவரின் உரிமையும் உண்டு. முழுக் கட்டணம் செலுத்தியவர் பாதி இருக்கையில் ஒடுங்கிப் பயணம் செய்வது நீதியன்று. பக்கத்தில் இருக்கும் தோழருக்கு நன்மை செய்யுமாறு திருக்குர்ஆன் பணிக்கிறது (4:36). விரிவுரையாளர் பலர் அத்தோழரைப் பயணத்தில் உடன்வருபவர் என விளக்கினர். ஆனால் இந்த உரிமை இரு பக்கமும் செல்வது. மெலிந்தவருக்குப் பருத்தவர் தோழர் என்றால், பருத்தவருக்கு மெலிந்தவரும் தோழரே.

ஒருவருக்கு ஒரு கட்டணம்

இச்சிக்கலைக் கனடா அணுகிய விதம் படிப்பினை மிக்கது. 2008 ஜனவரியில் அந்நாட்டின் போக்குவரத்து ஆணையம், உடல்நிலை காரணமாகக் கூடுதல் இருக்கை தேவைப்படுவோரிடம் உள்நாட்டு விமானங்களில் இரண்டாம் கட்டணம் வாங்கலாகாது எனத் தீர்ப்பளித்தது. உடனிருந்து உதவுவோர் தேவைப்படும் மாற்றுத் திறனாளிகளும், பருமனால் இயலாமைக்கு உள்ளானோரும் இதனால் பயன்பெறுவர். பருமன் அனைத்தும் இயலாமை ஆகாது என்பதையும் ஆணையம் தெளிவுபடுத்தியது. நிறுவனங்கள் செலவைக் காட்டி எதிர்த்தன. ஒரு பயணச் சீட்டுக்கு ஏர் கனடாவுக்கு 77 சென்ட்டும் வெஸ்ட்ஜெட்டுக்கு 44 சென்ட்டும் மட்டுமே கூடும் என ஆணையம் கணக்கிட்டது. அதே ஆண்டு நவம்பரில் கனடிய உச்ச நீதிமன்றம் மேல்முறையீட்டை ஏற்க மறுத்தது. 2009 ஜனவரியில் விதி நடைமுறைக்கு வந்தது.

கனடிய ஆணையம் மதீனாவிலிருந்து சட்டம் எடுக்கவில்லை. ஆயினும் முஸ்தலிஃபாவில் நாம் கண்ட நெறியின் சாயல் அதில் உண்டு. இயலாதவர் சுமக்க வேண்டிய பாரத்தை எல்லோரும் சிறிது சிறிதாகப் பகிர்ந்துகொள்வதே அந்நெறி. அதற்கு மாறாக, உலகின் பிற பகுதிகளில் இன்றும் பல நிறுவனங்கள் அப்பாரத்தை முழுமையாகத் தனியொருவர் மீதே ஏற்றுகின்றன.

நம் சபைகள்

விமான நிறுவனங்களைக் குறைகூறுவது எளிது. நம் சபைகளை நாம் எண்ணிப் பார்த்தோமா? திருமண விருந்தில் ஸஹனைச் சுற்றி அமர்கையில் பருத்தவர் ஒருவர் வந்தால் உதட்டோரம் சிரிப்பு எழுவதில்லையா? தொழுகை அணியில் அவருக்கு இடம் விட மனம் சுருங்குவதில்லையா? அவர் காதில் விழும்படி ஹதீஸ் சொல்வோரும் உண்டு. அந்த ஹதீஸ் கேட்பவரின் சொந்த வயிற்றுக்கு எச்சரிக்கையாக வந்ததேயன்றி, அடுத்தவர் உடம்பின் மீது எறியும் கல்லாக வரவில்லை. உருவத்தில் குள்ளமான ஸஃபிய்யா (ரலி) அவர்களைக் குறித்து ஒரு சொல் உதிர்ந்தபோது, அச்சொல் கடல் நீரையே கெடுத்துவிடும் என்று நாயகம் (ஸல்) அவர்கள் கண்டித்தது நம் நினைவில் நிற்க வேண்டும்.

உணவில் அளவு காப்பது அவரவர் கடமை. இடம் அளிப்பது மற்றவர் கடமை. முதற்கடமையில் ஒருவர் தவறினார் என்று நாம் எண்ணிக்கொள்வதால் நம்முடைய கடமை நீங்கிவிடாது. சபைகளில் இடம் விடுமாறு கேட்கப்பட்டால் இடம் விடும்படி அருள்மறை பணிக்கிறது. அவ்வாறு விட்டவர்க்கு அல்லாஹ் இடம் விரித்துத் தருவதாகவும் வாக்களிக்கிறது (58:11). எவருக்கு, எத்தகைய உடலினருக்கு என்று அது பிரித்துச் சொல்லவில்லை. அடுத்த முறை ஜித்தா செல்லும் விமானத்தில் நம் பக்கத்து இருக்கைக்குக் கனத்த உடலினர் ஒருவர் தயங்கியபடி வந்து நின்றால், முகம் சுளிக்காமல் சற்று ஒதுங்கி அமர்வோம். அந்தப் புனிதப் பயணத்தின் முதல் வணக்கமாக அதுவே அமையலாம்.