எட்டுத் தடைகளில் முதல் தடை



இந்த நினைவுச் சொற்பொழிவுக்குத் தலைப்பு கேட்டு நண்பர்கள் தொலைபேசியில் அழைத்தபோது, "நகையைப் பற்றிப் பேசுகிறேன்" என்றேன். மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "நிலத்தைப் பற்றி ஏதாவது பேசலாமே தோழர்" என்றார்கள். அவர்கள் சொன்னதில் தவறில்லை. நிலம், கோயில் நுழைவு, இரட்டைக் குவளை, சுடுகாட்டுப் பாதை என்று நாம் எழுதியும் பேசியும் வந்திருக்கிறோம். நகை என்றால் வரதட்சிணைக் கொடுமை பற்றிய பேச்சு என்று ஒதுக்கிவிடுகிறோம். ஆனால் ஒரு பட்டியலை எனக்குப் பாடமாக இருந்த புத்தகத்தில் படித்த நாளிலிருந்து அது என்னை விடவில்லை.

1930 டிசம்பரில் ராமநாதபுரம் மாவட்டத்தில் கள்ளர் நாட்டார்கள் ஆதிதிராவிடர் மீது எட்டுத் தடைகளை விதித்தார்கள். 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையராக இருந்த ஜே. எச். ஹட்டன் சாதியைப் பற்றி எழுதிய நூலில் அவற்றை வரிசையாகக் கொடுத்திருக்கிறார். ஆண்கள் முழங்காலுக்குக் கீழே வேட்டி கட்டக் கூடாது. சட்டை, பனியன் போடக் கூடாது. தலைமுடியைக் கிராப்பு வெட்டக் கூடாது. வீட்டில் மண்பாண்டம் தவிர வேறு பாத்திரம் புழங்கக் கூடாது. பெண்கள் ரவிக்கையோ தாவணியோ போட்டு மார்பை மறைக்கக் கூடாது. பூவும் மஞ்சளும் கூடாது. குடையும் செருப்பும் கூடாது. இந்த எட்டில் முதலாவதாக நிற்பது எது தெரியுமா? ஆதிதிராவிடர் தங்கம், வெள்ளி நகை அணியக் கூடாது என்பதுதான்.

தடையை மீறியவர்களின் குடிசைகள் எரிக்கப்பட்டன, தானியக் குதிர்கள் அழிக்கப்பட்டன, ஆடுமாடுகள் கொள்ளை போயின. அடுத்த ஆண்டு, 1931 ஜூனில், தடைகள் பதினொன்றாயின. பிள்ளைகள் படிக்கக் கூடாது, மிராசுதார்களின் மாட்டைத்தான் மேய்க்க வேண்டும் என்பதும் அதில் சேர்ந்தது. இந்த இரண்டு பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நகையைத் தடுக்கிற கையும் பள்ளிக்கூடத்தைத் தடுக்கிற கையும் ஒன்றே. ஆறு மாத இடைவெளிதான்.

ஒரு கேள்வியை என் வகுப்புத் தோழர் ஒருவர் அன்றைக்கே கேட்டார். கூலியாக நெல்லை அளந்து வாங்கிய மக்களிடம் தங்கம் எங்கே இருந்தது, இல்லாத ஒன்றைத் தடுக்க எதற்கு ஒரு சட்டம்? நல்ல கேள்விதான். இருந்தது என்பதே பதில். கொழும்புக்கும் மலேயாவுக்கும் பர்மாவுக்கும் கப்பலேறியவர்கள், பட்டாளத்துக்குப் போனவர்கள், நகரத்து ஆலைக்குப் போனவர்கள் கையில் நெல்லாக அல்லாமல் காசாகக் கூலி வந்தது. நெல் கூலி வயிற்றோடு போகும். காசு கொஞ்சம் மிஞ்சும். மிஞ்சினதை எங்கே வைப்பது? நிலம் விற்க மாட்டார்கள். வங்கி கண்ணில் பட்டதில்லை. தோடாகவோ மூக்குத்தியாகவோ வைக்கலாம். அந்தத் தோடு தெருவில் நடந்து போகும்போது பண்ணையாரின் கண்ணுக்குத் தெரிந்துவிட்டது. அதுதான் விஷயம். ஓர் ஆள் தன்னை நம்பாமலும் பிழைக்க முடியும் என்பதற்கு அவள் காதே சாட்சியாக நின்றது.

இது ராமநாதபுரத்துக்கு மட்டும் உரிய புத்தி இல்லை. மநு நூலின் பத்தாம் அத்தியாயத்தில் சண்டாளருக்குப் பிணத்தின் துணி, உடைந்த பாத்திரம் ஆகியவற்றோடு இரும்பு நகை விதிக்கப்பட்டிருக்கிறது. 1928இல் இந்தூர் மாவட்டக் கிராமங்களில் பலாய் சாதியாருக்குப் போட்ட கட்டளைகளில் அவர்கள் பெண்கள் பொன், வெள்ளி நகை அணியக் கூடாது என்பதும் ஒன்று. இதை அம்பேத்கர் 'சாதி ஒழிப்பு' நூலில் தொடக்கத்திலேயே எடுத்துக்காட்டுகிறார்.

தங்கத்தைத் தடுத்தார்கள் என்று மட்டும் சொன்னால் பாதிதான். வேறு எதையோ அணியச் சொல்லிக் கட்டாயப்படுத்தினார்கள் என்பது மறுபாதி. திருவிதாங்கூரில் புலையர் பெண்கள் கழுத்தில் கல்லும் கண்ணாடி மணியும் கோத்த மாலையை அணிய வேண்டும். அதற்குக் 'கல்லுமாலை' என்று பெயர். அது அழகுக்கு அல்ல, அடையாளத்துக்கு. 1915இல் கொல்லத்துக்குப் பக்கத்தில் பெரிநாட்டில் இதை எதிர்த்துக் கூட்டம் கூடியபோது கலவரம் மூண்டது, குடிசைகள் எரிந்தன. அந்த ஆண்டின் இறுதியில் கொல்லம் மைதானத்தில் சங்ஙனாச்சேரி பரமேஸ்வரன் பிள்ளை தலைமையில் நடந்த கூட்டத்தில் அய்யன்காளி பெண்களைப் பார்த்து மாலையை அறுத்தெறியச் சொன்னார். கதிர் அறுக்கிற அரிவாளாலேயே அறுத்தார்கள். மேடையின் முன்னால் மாலைகள் குவிந்தன.

1927 டிசம்பரில் மகாத் மாநாட்டில் அம்பேத்கர் பெண்களிடம் பேசியதும் இதே செய்திதான். கை நிறைய, கழுத்து நிறைய வெள்ளியும் தகரமும் அணிவது தீண்டத்தகாதவள் என்று ஊருக்கு அறிவிக்கிற பலகை. அதைக் கழற்றுங்கள் என்றார். நகை போட்டே ஆக வேண்டுமானால் தங்கத்தில் போடுங்கள், முடியாவிட்டால் ஒன்றும் வேண்டாம் என்பது அவர் சொன்ன யோசனை. அடுத்த நாளே சேலை கட்டுகிற விதத்தைப் பெண்கள் மாற்றினார்கள் என்று படிக்கிறோம்.

கொல்லத்தில் கழற்றுவது கலகம், ராமநாதபுரத்தில் போடுவது கலகம். நகையை ஆடம்பரம் என்று ஒரே வாக்கியத்தில் தள்ளிவிடுகிற நம் தோழர்கள் (நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் பேசினேன்) இந்த இரண்டையும் சேர்த்து யோசிக்க வேண்டும்.

இனி, தங்கத்தைத் தோண்டியவர்கள். கோலார் தங்கவயலில் ஜான் டெய்லர் கம்பெனி 1880களில் சுரங்கம் வெட்டியது. உள்ளே இறங்கியவர்களில் பெரும்பகுதி வட ஆற்காடு, சித்தூர், சேலம் பக்கங்களிலிருந்து போன நம் மக்கள். சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் ஆழம். அந்த ஆழத்தில் பாறையின் வெப்பம் 60 டிகிரி செல்சியஸைத் தாண்டும். பாறை வெடிப்பில் செத்தவர்கள் உண்டு. பாறைத் தூசி நுரையீரலில் படிந்து சிலிகோசிஸ் நோயில் இருமி இருமிச் செத்தவர்கள் அதைவிட அதிகம் என்பார்கள் அங்கே. ஏறும்போது உடம்பைச் சோதித்துத்தான் விடுவார்கள். தங்கத் திருட்டுக்கென்றே தனிச் சட்டவிதிகள் இருந்தன. 1930இல் ஒவ்வொரு தொழிலாளியின் கைரேகையையும் பதிய வேண்டும் என்று கம்பெனி சொன்னபோது வேலைநிறுத்தம் செய்தார்கள். அதே 1930தான். ராமநாதபுரத்தில் தங்கம் போடாதே என்று ஒருவனுக்குச் சொன்ன ஆண்டில், கோலாரில் தங்கம் எடுக்கிறவனைத் திருடனாக எண்ணி ரேகை கேட்டார்கள்.

ஆனாலும் அந்தக் கூலிக் காசு வேறொன்றையும் செய்தது. மாரிக்குப்பத்தில் பௌத்த சங்கம் வளர்ந்தது. அயோத்திதாசப் பண்டிதர் 1914இல் மறைந்த பிறகு, 1926இல் 'தமிழன்' இதழ் ஜி. அப்பாதுரையாரை ஆசிரியராகக் கொண்டு கோலாரிலிருந்துதான் மறுபடி வந்தது. பண்டிதரின் நூல்களைச் சித்தார்த்தா புத்தகசாலை அங்கிருந்துதான் அச்சிட்டது. சுரங்கம் 2001 பிப்ரவரி 28 அன்று மூடப்பட்டது. 120 ஆண்டுகளில் சுமார் 800 டன் தங்கம் எடுத்திருக்கிறார்கள். எடுத்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று விடியற்காலை ரயிலேறிப் பெங்களூருக்குக் கூலி வேலைக்குப் போகிறார்கள். பின்னால் சயனைடு மண்மேடுகள் நிற்கின்றன.

என் வீட்டுக்கு வருகிறேன். என் பாட்டி காதில் பித்தளை. அம்மா காதில் அரைப் பவுன் தோடு. சீட்டுக் கட்டி வாங்கியது. பவுன் என்கிறோமே, அது வெள்ளைக்காரனின் ஒரு பவுண்டு நாணயம்; எடை 7.98 கிராம், 22 காரட். அதுவே எட்டு கிராம் என்று நம் வாயில் நிலைத்துவிட்டது. அம்மாவின் அரைப் பவுன் ஆண்டில் பாதி நாள் காதில் இருக்காது. ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறக்கும்போது அடகுக்குப் போகும். அறுப்பு முடிந்து திரும்பி வரும். தோடு இல்லாத நாளில் ஓட்டை தூர்ந்துவிடாமல் இருக்க வேப்பங்குச்சியைச் செருகியிருப்பாள். நான் சமூகவியலில் முதுகலை சேர்ந்த ஆண்டு தோடு மூழ்கிவிட்டது. நகை 'மூழ்கிவிட்டது' என்று சொல்கிற மொழி நம்முடையது. வட்டி அசலைத் தாண்டிப் போனதை இதைவிடச் சரியாக எந்தப் பொருளாதாரப் பாடமும் எனக்குச் சொல்லவில்லை.

நகை பராமரிப்பு என்று வார இதழ்களில் குறிப்பு வரும். பூந்திக்கொட்டையை ஊறவைத்த தண்ணீரில் மெல்லிய பிரஷ்ஷால் தேய்த்து, பருத்தித் துணியில் துடைத்து, ஒவ்வொன்றையும் தனித்தனி டப்பியில் வைக்க வேண்டும். சரிதான், அம்மாவும் பூந்திக்கொட்டைதான் போட்டாள். ஆனால் எங்கள் தெருவில் பராமரிப்பு என்றால் முதலில் ஒளித்துவைப்பது. கேழ்வரகுப் பானைக்குள், கூரை மூங்கிலுக்குள், அடுப்படி மண்ணுக்குள். அதற்குக் காரணம் திருடன் மட்டும் இல்லை. 1995 ஆகஸ்ட் 31 அன்று கொடியங்குளத்தில் காவல்துறை புகுந்தபோது வளைகுடா நாட்டுச் சம்பாத்தியத்தில் சேர்த்த பொருட்கள் தேடித் தேடி உடைக்கப்பட்டன. பாஸ்போர்ட்டையும் படிப்புச் சான்றிதழையும்கூட விடவில்லை. 2012 நவம்பர் 7 அன்று தருமபுரி நாயக்கன்கொட்டாய் பகுதியில், நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி என்ற மூன்று குடியிருப்புகளில் 250க்கும் மேற்பட்ட வீடுகள் எரிந்தன. பீரோவை உடைத்து நகையையும் பணத்தையும் எடுத்த பிறகே தீ வைத்தார்கள் என்று அங்கிருந்த பெண்கள் சொன்னார்கள். பெங்களூரிலும் திருப்பூரிலும் உழைத்துச் சேர்த்தவை அவை. 1930இன் முதல் தடையை யாரும் இப்போது வாயால் சொல்வதில்லை.

நகை கூடவே கூடாது என்று இந்த மேடையிலிருந்து சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மகளுக்கு இத்தனை பவுன் என்று நம் தெருவிலும் பேரம் நடக்கிறது. அது மேல்சாதியிடம் கற்றுக்கொண்ட நோய்; அதற்காகக் கடன்பட்டு அழிகிற குடும்பங்களை நான் அறிவேன், அதை எதிர்க்கத்தான் வேண்டும். மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் பெயரிலான திருமண உதவித் திட்டம் தாலிக்குத் தங்கமும் தந்தது. 2011இல் நான்கு கிராம், 2016இல் எட்டு. 2022இல் அது கல்லூரிப் பெண்களுக்கு மாதம் 1000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டமாக மாறியபோது நான் வரவேற்றேன். என் சித்தி வரவேற்கவில்லை. "காசு செலவாகிடும்டா, தங்கம் இருக்கும்" என்றாள். அவளோடு விவாதம் இன்னும் முடியவில்லை.

ஆகவே வாங்குகிற பெண்களுக்குச் சில வார்த்தைகள். நம்மவர்கள் கடையில் கேள்வி கேட்கத் தயங்குவார்கள். ஒரு முறை பெரிய கடை ஒன்றில் என் தங்கையின் கையையும் செருப்பையும் பார்த்துவிட்டு, கேட்காமலேயே வெள்ளிப் பிரிவுக்கு வழிகாட்டினார் விற்பனையாளர். கேட்பது உரிமை. 2023 ஏப்ரல் முதல் ஹால்மார்க் நகையில் பிஐஎஸ் முத்திரை, 916 போன்ற தூய்மை எண், ஆறு எழுத்தும் எண்ணும் கலந்த எச்யுஐடி ஆகிய மூன்றும் இருந்தாக வேண்டும். அந்த ஆறு இலக்கத்தைப் பிஐஎஸ் கேர் செயலியில் போட்டு அங்கேயே நின்று பாருங்கள். கல்லின் எடையைக் கழித்துத்தான் தங்கத்துக்கு விலை. சேதாரம் எத்தனை சதவீதம் என்று பில்லில் எழுதச் சொல்லுங்கள். அடகு வைக்கிற அன்று சேதாரத்துக்கு ஒரு பைசா கிடைக்காது. கல் பதித்த கனத்த ஆரம் வேண்டாம், வழவழப்பான வளையலோ சங்கிலியோ போதும். ஹால்மார்க்கில் சொன்ன தூய்மை இல்லையென்று சோதனையில் தெரிந்தால், குறைந்த அளவின் மதிப்பைப் போல இரு மடங்கு இழப்பீடும் சோதனைக் கட்டணமும் தர வேண்டும் என்பது 2018ஆம் ஆண்டு விதி. தூய்மைப் பணியில் இருக்கும் அக்காமார்களே, பிளீச்சிங் பவுடர் தொடும்போது மோதிரத்தைக் கழற்றிவிடுங்கள். 22 காரட்டில் கலந்திருக்கிற செம்பையும் பற்றவைத்த இடத்தையும் அது அரிக்கும். (உங்கள் கைக்கு உறை தராதவர்களை என்ன செய்வது என்பது தனிப் பேச்சு.) அடகு வைத்தால் தனியாரிடம் போவதற்கு முன் கூட்டுறவு வங்கியைக் கேளுங்கள், 2021இல் அரசு ஐந்து பவுன் வரையிலான நகைக்கடனைத் தள்ளுபடி செய்தபோது கூட்டுறவில் வைத்தவர்களுக்குத்தான் அது கிடைத்தது, சேட்டுக் கடையில் வைத்தவர்களுக்கு இல்லை.

கடைசியாக இந்த அமைப்பிடம் ஒரு வேண்டுகோள். நம் வரலாற்றுக்குச் செப்பேடு கிடையாது, பட்டயம் கிடையாது. ஆனால் தகரப் பெட்டிகளின் அடியில் அடகு ரசீதுகள் கிடக்கின்றன. அம்மா இறந்தபோது அவள் பெட்டியில் 31 ரசீதுகள் இருந்தன. தேதியும் தொகையும் தோட்டின் எடையும் அதில் உண்டு. எந்த ஆண்டு மழை பொய்த்தது, எந்த ஆண்டு யாருக்கு நோய், யார் எந்த வகுப்பில் சேர்ந்தார்கள் என்பதையெல்லாம் அந்தத் தேதிகளை வைத்தே நானும் அக்காவும் ஒரு ராத்திரி உட்கார்ந்து சொல்லிக்கொண்டோம். உங்கள் வீட்டிலும் இருக்கும். எறிந்துவிடாதீர்கள். பிரதி எடுத்து அடுத்த கூட்டத்துக்குக் கொண்டு வாருங்கள். என்னிடம் இருப்பவற்றை இன்றைக்கே அமைப்பின் செயலாளரிடம் கொடுத்துவிட்டுப் போகிறேன்.